பேட்டரிக் கணக்கில் மாட்டிக்கொண்டேன், நண்பர்களிடம் எப்படி உதவி கேட்பது?

யாங்கோன்_பன்னிரண்டு:

எல்லோருக்கும் வணக்கம். யாங்கோனில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன், மார்ச்சில் மெட்ரிக் (பள்ளி இறுதித் தேர்வு) எழுத வேண்டும். ஃபிசிக்ஸ் புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறது, சயாமா (டீச்சர்) பர்மியத்தில் விளக்குவார், வீட்டில் நாங்கள் பேசுவது தமிழ். வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது புரிந்த மாதிரிதான் இருக்கும், வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தால் ஒன்றும் நிற்பதில்லை. அதனால் இணையத்தில் பழக்கமான இரண்டு மூன்று பேரிடம் கேட்பேன். கேள்வியைப் போட்டோ எடுத்து அனுப்பினால் அரைமணி நேரத்தில் முழு விடையும் வந்துவிடும். எங்கள் பகுதியில் நாலு மணி நேரம் கரண்ட் இருந்தால் எட்டு மணி நேரம் இருக்காது, அதனால் விடை வந்ததும் யோசிக்காமல் வேகவேகமாக நோட்டில் எழுதி முடித்துவிடுவேன்.

போன வாரம் வந்த வீட்டுப்பாடம் இது. 12 வோல்ட் இ.எம்.எஃப். (பேட்டரி மொத்தமாகக் கொடுக்கும் வோல்ட்) உள்ள பேட்டரி, அதன் இன்டர்னல் ரெசிஸ்டன்ஸ் (உள் தடை) 0.5 ஓம், வெளியே 5.5 ஓம் ரெசிஸ்டர். டெர்மினல் வோல்டேஜ், அதாவது பேட்டரியின் இரண்டு முனைக்கும் நடுவே கிடைக்கும் வோல்ட், எவ்வளவு? நண்பர் அனுப்பியது 11 வோல்ட். எழுதினேன், சரி போட்டுக் கொடுத்தார்கள். மூன்று நாள் கழித்து வகுப்பில் டெஸ்ட். 1.5 வோல்ட் செல் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் உள்ளே 0.4 ஓம், இரண்டையும் பேரலலாக (பக்கத்தில் பக்கத்தில், பிளஸ்ஸோடு பிளஸ்) இணைத்து 2.2 ஓம் ரெசிஸ்டருக்குக் கொடுத்தால் கரண்ட் எவ்வளவு என்று கேட்டிருந்தார்கள். நான் 1.5-ஐயும் 1.5-ஐயும் கூட்டி 3 வோல்ட் என்று ஆரம்பித்தேன், அதற்கு மேல் கை ஓடவில்லை. பத்துக்கு ஒன்று. படம் வரைந்ததற்குப் போட்ட மார்க் அது.

நீ செய்வது காப்பி அடிப்பதுதான், இனிமேல் யாரிடமும் கேட்காதே என்கிறார் அம்மா. டியூஷனுக்கு இன்னொரு பிள்ளைக்கும் பணம் கட்ட இப்போது வீட்டில் முடியாது. நண்பர்களிடம் கேட்பதே தப்பா? தப்பில்லை என்றால் எப்படிக் கேட்பது? அப்புறம் எனக்கு இன்றுவரை புரியாதது, 12 வோல்ட் பேட்டரியில் 11 எப்படி வந்தது? அந்த ஒரு வோல்ட் எங்கே போனது?

பெகு_தம்பி:

அந்த 11 வோல்ட் விடையை அனுப்பியது நான்தான். அதனால் எனக்கும் இதில் பொறுப்பு இருக்கிறது.

அன்றைக்கு நீ அனுப்பும்போது ராத்திரி பத்தேகால். ஒரே ஒரு போட்டோ, கீழே "காலையில் கொடுக்கணும்". உனக்கு எது தெரியும், எது தெரியாது என்று எனக்கு எப்படித் தெரியும்? காகிதத்தில் போட்டு அனுப்ப இரண்டு நிமிடம்தான் ஆனது. அதையே ஃபோனில் விரலால் தட்டி விளக்கியிருந்தால் இருபது நிமிடம் ஆகியிருக்கும், நானும் மறுநாள் ஆறு மணிக்கு எழுந்து வேலைக்குப் போக வேண்டும். நீ பார்த்து எழுதுவாய் என்று தெரிந்துதான் அனுப்பினேன், அது சரியில்லை என்று இப்போது படுகிறது.

இனிமேல் இப்படிச் செய்வோம். படம் வரைந்து, உனக்கு வந்த அளவுக்கு எழுதி, எந்த வரியில் நின்றாயோ அங்கே ஒரு கோடு போட்டு அனுப்பு. தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, தப்பாக இருந்தால் எனக்கு இன்னும் சுலபம், எங்கே வழி மாறினாய் என்று பார்த்தவுடன் தெரியும். நான் வாய்ஸ் மெசேஜில் தமிழில் சொல்லி அனுப்புகிறேன். வாய்ஸ் என்றால் நீயும் பார்த்து எழுத முடியாது, கேட்டுத்தான் எழுத வேண்டும்.

கேட்பதில் எந்தத் தப்பும் இல்லை. போன வருடம் எனக்கு ப்ரொஜெக்டைல் (எறிந்த பொருள் பறக்கும்) கணக்கு ஒன்றுகூட வரவில்லை, தட்டோனில் இருக்கும் ஓர் அண்ணன்தான் ஒரு மாதம் தினமும் ராத்திரி சொல்லிக்கொடுத்தார், இன்றுவரை அவரை நேரில் பார்த்ததில்லை.

மோல்மேன்_பேட்டரி:

பாப்பா, ஒரு வோல்ட் எங்கே போனது என்று கேட்டாய் அல்லவா, அதை உன் வீட்டிலேயே பார்க்கலாம். நான் இருபத்திரண்டு வருடமாகப் பேட்டரியும் இன்வர்ட்டரும் விற்று, ரிப்பேர் பார்த்துக்கொண்டிருக்கிறேன். புத்தகப் படிப்பு அதிகம் இல்லை, ஆனால் இது கையில் தெரிந்த விஷயம்.

வீட்டில் இன்வர்ட்டர் இருக்கிறதா? இருந்தால் அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வை, 20 என்று போட்ட இடத்தில். மீ ப்யெட் ஆன (கரண்ட் போன) நேரத்தில், மின்விசிறி, விளக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பேட்டரியின் இரண்டு முனையிலும் நேராக வைத்துப் பார். நல்ல பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஆகிக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் 12.6, 12.7 காட்டும். இப்போது மீட்டரை எடுக்காமல் மின்விசிறியைப் போடச் சொல். எண் கண் முன்னாலேயே இறங்கும். இரண்டு விளக்கும் போட்டால் இன்னும் கொஞ்சம் இறங்கும். எல்லாவற்றையும் அணைத்தால் மெதுவாக ஏறும். பேட்டரி காலியாகி இறங்கவில்லை, கரண்ட் ஓடும்போது அதற்கு உள்ளேயே ஒரு தடை இருக்கிறது, அதைத் தாண்ட அந்த வோல்ட் செலவாகிறது. பழைய பேட்டரியை நன்றாக ஓடவிட்டுத் தொட்டுப் பார்த்தால் சூடாக இருக்கும், அந்தச் சூடுதான் நீ தேடும் ஒரு வோல்ட். கடைக்கு வருகிறவர்கள் "சும்மா இருக்கும்போது 12.5 காட்டுகிறது, ஃபேன் போட்டால் இன்வர்ட்டர் கத்துகிறது" என்பார்கள். பெரும்பாலும் உள் தடை ஏறிப்போன பேட்டரிதான்.

முக்கியமான ஒன்று. மீட்டரை ஆம்பியரில் வைத்து மட்டும் பேட்டரி முனைகளில் வைத்துவிடாதே. ஆம்பியர் பக்கத்துக்குத் தடையே கிடையாது என்று வைத்துக்கொள், ஷார்ட் ஆகும், மீட்டரோ கையோ போகும். வளையல், மோதிரம் கழற்றிவிட்டுப் போ.

யாங்கோன்_பன்னிரண்டு:

ரொம்ப நன்றி அண்ணா, நன்றி ஐயா. இன்வர்ட்டர் இருக்கிறது, மீட்டர் எதிர்வீட்டில் வாங்கலாம். ஒரு சந்தேகம். 12 வோல்ட்டை மொத்தத் தடை 6 ஓமால் (5.5-ம் 0.5-ம்) வகுத்தால் 2 ஆம்பியர். பேட்டரியிலிருந்து அந்த 2 ஆம்பியர் கிளம்புகிறது, ரெசிஸ்டர் கொஞ்சத்தை எடுத்துக்கொள்கிறது, மீதிதான் திரும்பி வருகிறது, அதனால்தான் வோல்டேஜ் குறைகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது சரியா?

பழைய_டியூஷன்_டீச்சர்:

சரியில்லை மா, ஆனால் நல்லவேளை கேட்டாய். உன் கை ஓடாமல் நின்றது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன், பேரலலில் இல்லை. நான் பதினைந்து வருடம் டியூஷன் எடுத்தேன், மெட்ரிக் பிள்ளைகளில் பாதிப் பேராவது இதே எண்ணத்தோடுதான் வருவார்கள்.

ஒரே வளையமாக இருக்கும் சர்க்யூட்டில் கரண்ட் எங்கேயும் குறையாது. பேட்டரியை விட்டு 2 ஆம்பியர் போனால் 2 ஆம்பியர்தான் திரும்பி வரும். ஆம்பியர் என்பது ஒரு நொடியில் எத்தனை கூலோம் (மின்னூட்டத்தின் அளவு) கடந்து போகிறது என்ற கணக்கு, நடுவில் கூலோம் காணாமல் போக வழியே இல்லை. குறைவது ஒவ்வொரு கூலோமும் தூக்கிக்கொண்டு போகும் ஆற்றல். வோல்ட் என்றால் ஒரு கூலோமுக்கு எத்தனை ஜூல் ஆற்றல் என்பதுதான், இதை நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி வை. உன் பேட்டரி ஒவ்வொரு கூலோமுக்கும் 12 ஜூல் கொடுக்கிறது. அதில் 1 ஜூல் பேட்டரியின் உள்ளேயே சூடாகப் போய்விடுகிறது, மீதி 11 ஜூல்தான் வெளியே ரெசிஸ்டருக்குக் கிடைக்கிறது. அதுதான் 11 வோல்ட். நம்பிக்கை வரவில்லை என்றால் வாட்டில் போட்டுப் பார். பேட்டரி கொடுப்பது 12 பெருக்கல் 2, அதாவது 24 வாட். வெளியே 11 பெருக்கல் 2, 22 வாட். உள்ளே 2 ஆம்பியரின் வர்க்கம் 4, அதை 0.5-ஆல் பெருக்கினால் 2 வாட். 22-ம் 2-ம் 24. ஐயா தொட்டுப் பார்க்கச் சொன்ன சூடு அந்த 2 வாட்.

இப்போது படம். பேட்டரியை ஒரு கோடாக வரையாதே. புள்ளிக் கோட்டால் ஒரு பெட்டி போட்டு, அதற்குள்ளே செல்லையும் பக்கத்தில் ஒரு சின்ன ரெசிஸ்டரையும் வரை. பெட்டியின் இரண்டு ஓரமும்தான் டெர்மினல். இப்படி வரைந்த பிள்ளைகள் இந்தக் கணக்கில் தப்பு விட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. டெஸ்ட்டில் வந்ததையும் இரண்டு பெட்டியாக வரைந்து பக்கத்தில் பக்கத்தில் வை. ஒரு கூலோம் ஏதாவது ஒரு பெட்டி வழியாகத்தான் போகும், இரண்டு வழியாகவும் போகாது, அப்படியானால் அதற்கு 3 ஜூல் எங்கிருந்து கிடைக்கும்? இதற்கு மேல் நான் சொல்லவில்லை, நீ போட்டு இங்கே எழுது.

அம்மா சொன்னதில் பாதி சரி. பார்த்து எழுதுவதை நிறுத்து, கேட்பதை நிறுத்தாதே. முழு விடை வந்தாலும் வரட்டும், ஒரு தடவை படித்துவிட்டு ஃபோனை மூடி வை. கரண்ட் போன பிறகு எமர்ஜென்சி விளக்கில் வெள்ளைத் தாளில் எண்ணை மாற்றிப் போட்டு நீயே செய், 12-க்குப் பதில் 9 வை, 0.5-க்குப் பதில் 1 வை. நின்ற இடம்தான் நாளைக்கு நீ கேட்க வேண்டிய கேள்வி.

பெகு_தம்பி:

டீச்சர், நான் ஒன்று சொல்லலாமா? முழு விடையே அனுப்பக் கூடாது, குறிப்பு மட்டும்தான் தர வேண்டும் என்று எங்கள் குழுவில் சிலர் பிடிவாதமாக இருக்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒரு பாடத்தின் முதல் கணக்கை யாராவது முழுதாகச் செய்து காட்டினால்தான் வழியே தெரியும். இரண்டாவது கணக்கிலிருந்து குறிப்பு போதும்.

பழைய_டியூஷன்_டீச்சர்:

சரியாகச் சொன்னாய் தம்பி. நானும் அப்படித்தான் எடுப்பேன்.

யாங்கோன்_பன்னிரண்டு:

டெஸ்ட் கணக்கை ராத்திரி திரும்பப் போட்டேன். இரண்டு பெட்டி வரைந்ததும், ஒரு கூலோமுக்கு 1.5 ஜூல்தான் கிடைக்கும் என்று தெரிந்துவிட்டது, அதனால் இ.எம்.எஃப். 1.5 வோல்ட்தான், 3 இல்லை. உள் தடை இரண்டும் பேரலல், 0.4-ம் 0.4-ம் சேர்ந்து 0.2 ஓம். மொத்தம் 2.2-ம் 0.2-ம் 2.4 ஓம். கரண்ட் 1.5 வகுத்தல் 2.4, அதாவது 0.625 ஆம்பியர். டெர்மினல் வோல்டேஜ் 0.625 பெருக்கல் 2.2, 1.375 வோல்ட். ஒரு செல்லில் பாதிக் கரண்ட் 0.3125, அதை 0.4-ஆல் பெருக்கினால் 0.125 வோல்ட் உள்ளே போகிறது, 1.5-இல் அதைக் கழித்தாலும் 1.375 வருகிறது. இரண்டு வழியிலும் ஒரே விடை வந்தபோது அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவருக்குக் கணக்கு தெரியாது, ஆனால் இரண்டு எண்ணும் ஒன்றாக இருப்பதைப் பார்த்துவிட்டு, "இது யார் அனுப்பியது?" என்றார். நானே போட்டது என்றேன். சரி, கேட்டுப் படி என்று சொல்லிவிட்டார்.

அப்புறம் மீட்டர். அப்பாதான் முனையில் பிடித்துக்கொண்டார், நான் எழுதினேன். எல்லாம் அணைத்திருக்கும்போது 12.5. மின்விசிறியும் இரண்டு விளக்கும் போட்டதும் 12.1. அப்பா மீட்டரை எடுப்பதற்குள் தெருவில் "மீ லா ப்யீ" என்று பிள்ளைகள் கத்தினார்கள், கரண்ட் வந்துவிட்டது, மீட்டரில் எண் ஏற ஆரம்பித்து 13.7 வரை போனது. 12 வோல்ட் பேட்டரியில் 13.7 எப்படி? சார்ஜ் ஆகும்போது கரண்ட் எதிர்ப் பக்கமாக ஓடுகிறது, அதனால் உள் தடைக்கான வோல்ட்டைக் கழிக்காமல் கூட்ட வேண்டும் என்று நோட்டில் எழுதிக் கோடு போட்டு வைத்திருக்கிறேன். இது சரியா என்று யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.

மோல்மேன்_பேட்டரி:

சரி பாப்பா. 13.7-இல் கூடுதலாகக் காட்டுவது முழுக்க உள் தடையால் மட்டும் வந்ததில்லை, சார்ஜ் ஏறும்போது பேட்டரிக்குள் ரசாயன மாற்றமும் சேர்ந்துகொள்கிறது. பரீட்சைக்குக் கூட்ட வேண்டும் என்பது போதும். 12.5-இலிருந்து 12.1 என்றால் கொஞ்சம் அதிகமாகத்தான் இறங்குகிறது, முனையில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா என்று அப்பாவைப் பார்க்கச் சொல். இருந்தால் இன்வர்ட்டரை அணைத்து, வயரைக் கழற்றி, வெந்நீர் ஊற்றித் துடைத்து, காய்ந்த பிறகு இறுக்கிவிட்டு மறுபடி அளந்து பார், எவ்வளவு காட்டுகிறது என்று இங்கே எழுது.