ஸ்காபரோ குடும்பக் குழு: இந்த வருசம் எங்கட ரொறன்ரோ பேஸ்போல் ரீம் ஜேய்ஸ் என்ன செய்யும்?

2026 ஜனவரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலமை

பெரியப்பா: அபி, போன வருசம் கடைசியில எங்களை வெண்ட டாட்ஜர்ஸ் ஏப்ரல் தொடக்கத்தில இஞ்ச வருது எல்லோ. ரிக்கெட் எடுக்கிறன் எண்டனீ. என்ன மாதிரி?

அபி: எடுக்கலாம் பெரியப்பா. ஆனா பிஷெட் போன பிறகு எனக்கு மனமே இல்லை.

பெரியப்பா: நியூயோர்க் மெட்ஸ்காரன் மூண்டு வருசத்துக்கு 126 மில்லியன் டொலர் குடுத்தா ஆர்தான் போகமாட்டான்? நீயெண்டாலும் போயிருப்பாய்.

அபி: 2016ல எடுத்து, தங்கடை பொடியனா வளர்த்து, விளாடி கெரேரோவோட சேர்த்துக் கொண்டு வந்தவை. இப்ப சும்மா விட்டிட்டினம்.

தாரணி: நானும் கவலைப்பட்டனான். போன வருசம் சராசரி .311 அடிச்சவன், 94 ரன் உள்ளுக்குக் கொண்டு வந்தவன். அந்த இடத்துக்கு ஒரே ஆளை வாங்கி நிரப்பேலாது. ஆனா ஒண்டு யோசி அபி. சீசனுக்குப் பிறகு வாற பிளேஓஃபில யாங்கீஸையும் சியாட்டிலையும் வெண்டபோது அவன் விளையாடேல்லை. முழங்கால் காயத்தோட இருந்தவன். டாட்ஜர்ஸோட நடந்த கடைசித் தொடர், வேர்ல்ட் சீரீஸுக்குத்தான் திரும்ப வந்தவன்.

அபி: வந்து ஏழாவது மட்சில ஓட்டானிக்கு மூண்டு ரன் ஹோம் ரன் அடிச்சவனே! நொண்டிக் காலோட!

சித்தப்பா: அதைக் கதைக்காதையுங்கோ. எனக்கு இன்னும் நித்திரை வாறேல்லை.

சுதா சின்னம்மா: பொய். நவம்பர் 1 இரவு மட்ச் முடிஞ்ச கையோட குறட்டை விட்டவர். நான் சாட்சி.

லண்டன் மாமா: காலமையே தொடங்கியாச்சோ? உந்தத் தடியும் பந்தும் விளையாட்டை விட்டிட்டு, அடுத்த மாசம் ரி20 உலகக் கிண்ணம் கொழும்பில நடக்குது, அதைக் கதையுங்கோவன்.

பெரியப்பா: மச்சான், நீ கொஞ்சம் பொறு. இஞ்ச கவலையான விசயம் போகுது.

தாரணி: மாமா, உங்களுக்கும் பிடிக்கிற மாதிரி ஒண்டு கிடக்கு. இந்த வருசம் பேஸ்போலுக்கும் டி.ஆர்.எஸ். வருது.

லண்டன் மாமா: என்ன? மெய்யாவோ?

தாரணி: ஓம். அம்பயர் ஒரு பந்தை ஸ்ட்ரைக் (கோட்டுக்குள்ள வந்தது) எண்டோ போல் (வெளிய போனது) எண்டோ சொன்னது பிழை எண்டு நினைச்சா, அடிக்கிறவனோ பிட்சரோ கட்சரோ உடன தலையில தட்டிக் காட்டலாம். வெளியில இருந்து கோச் சொல்லித் தட்டேலாது. ஒரு ரீமுக்கு ரெண்டு தரம். கேட்டது சரியெண்டா அந்தத் தரம் குறையாது. கமராவும் கிரிக்கெட்டில பாவிக்கிற அதே ஹோக்-ஐ தான்.

லண்டன் மாமா: அம்பயர்ஸ் கோல் இருக்கோ?

தாரணி: இல்லை. கோட்டில ஒரு நூல் பட்டாலும் ஸ்ட்ரைக்.

லண்டன் மாமா: அப்ப கிரிக்கெட்டை விட நியாயம். சரி, சொல்லு. கேக்கிறன்.

அபி: எங்கட கட்சர் கேர்க்குக்கு அது நட்டம். பந்தைப் பிடிச்ச கையோட கோட்டுக்குள்ள இழுத்துக் காட்டி ஸ்ட்ரைக் வாங்குறதில கெட்டிக்காரன்.

தாரணி: அடிக்கேக்க லாபம். கோட்டின்ர மேல் எல்லையை ஆளின்ர உயரத்தில 53.5 வீதத்திலும் கீழ் எல்லையை 27 வீதத்திலும் வைக்கினம். கேர்க் 5 அடி 8 அங்குலம். இனி அவன்ர நெஞ்சுக்கு நேர வாற பந்தை ஸ்ட்ரைக் எண்டு சொன்னா தலையில தட்டலாம்.

பெரியப்பா: பிள்ளை, அதெல்லாம் இருக்கட்டும். ரீம் தேறுமோ தேறாதோ? அதைச் சொல்லு.

தாரணி: பந்து போடுற பக்கம் போன வருசத்தை விடப் பலம் பெரியப்பா. டிலன் சீஸை ஏழு வருசத்துக்கு 210 மில்லியனுக்கு எடுத்திருக்கினம். வெளியில இருந்து வாற ஆளுக்கு ஜேய்ஸ் இவ்வளவு காசு முந்தி ஒருநாளும் குடுத்ததில்லை.

சித்தப்பா: அவன் போன வருசம் சான் டியேகோவில 8 வெற்றி, 12 தோல்வி எல்லோ? ஒன்பது இன்னிங்ஸுக்கு 4.55 ரன் குடுத்த கணக்கு (ஈ.ஆர்.ஏ.). உந்தக் கணக்குக்கு 210 மில்லியனோ?

தாரணி: அதே சீசனில 215 பேரை மூண்டு ஸ்ட்ரைக் போட்டு ஸ்ட்ரைக்கவுட் ஆக்கினவன் சித்தப்பா. வேகமும், வளைஞ்சு போற ஸ்லைடரும் இருக்கு. நாலு போல் போட்டு சும்மா பேஸ் குடுக்கிற வோக்தான் வியாதி. அதோட ஒரு வருசமும் காயமெண்டு இருக்கிறேல்லை, ஐஞ்சு வருசமா 32 மட்சுக்குக் குறையாமல் போட்டவன். எனக்கு அதுதான் பெரிசு. செப்டெம்பர் வர மற்றவன் எல்லாம் தோளைப் பிடிச்சுக் கொண்டு இருப்பான்.

அபி: சரி, கோஸ்மன், சீஸ், யெசவேஜ், பீபர், பெரியோஸ். பிறகு கொரியாவில இருந்து வாற பொன்ஸ். லோவரும் இருக்கிறான். மட்சைத் தொடங்கிப் போடுற ஐஞ்சு கதிரைக்கு ஏழு பேர்.

பெரியப்பா: பொன்ஸ் ஆர்?

அபி: கோடி பொன்ஸ். முந்தி பிற்ஸ்பர்க்கில எடுபடாமல் ஜப்பானுக்குப் போய், அங்கயிருந்து கொரியா போனவன். போன வருசம் ஹன்வா ஈகிள்ஸுக்கு 17 வெற்றி, ஒரே ஒரு தோல்வி, 252 ஸ்ட்ரைக்கவுட். லீக்கின்ர எம்.வி.பி.

பெரியப்பா: கொரியாவில அடிக்கிறவையும் இஞ்ச அடிக்கிறவையும் ஒண்டோ?

தாரணி: இல்லைத்தான். ஆனா மூண்டு வருசத்துக்கு 30 மில்லியன். சரிவந்தா கொள்ளை லாபம், வராட்டி ஆரும் அழப்போறேல்லை.

சித்தப்பா: யெசவேஜைப் பற்றி ஏன் ஒருத்தரும் கதைக்கேல்லை? 22 வயசுப் பொடியன். போன வருசம் கீழ லீக்கில தொடங்கி, செப்டெம்பரில மேல வந்து, வேர்ல்ட் சீரீஸ் ஐஞ்சாவது மட்சில 12 பேரை ஸ்ட்ரைக்கவுட் ஆக்கி ஒரு வோக்கும் குடுக்கேல்லை. கை உச்சியில இருந்து வருது, பந்து வந்து கொண்டிருக்கேக்க கீழ விழுந்து போகுது. அடிக்கிறவன் காத்தை வெட்டுறான்.

தாரணி: எனக்கு அவனில விருப்பமும் பயமும் சித்தப்பா. இவ்வளவு இன்னிங்ஸ் அவன் முந்தி எறிஞ்சதே இல்லை. இந்த முறை ஏப்ரலில இருந்து எறிஞ்சா ஓகஸ்ட்டில அந்தக் கை என்ன சொல்லுமோ தெரியாது. ஏழு பேரை வச்சிருக்கிறதே அவனை ஆறுதலாப் பாவிக்கத்தான் எண்டு நினைக்கிறன்.

லண்டன் மாமா: அடிக்கிற பக்கம்?

அபி: அதுதான் பிரச்சினை மாமா. ஸ்பிரிங்கருக்கு 36 வயசு. போன வருசம் .309, 32 ஹோம் ரன். அதுக்கு முதல் வருசம் அவனை முடிஞ்சான் எண்டு எல்லாரும் எழுதினவை. திரும்பவும் 32 அடிப்பானோ? நான் நம்பேல்லை.

பெரியப்பா: சியாட்டிலுக்கு ஏழாவது இன்னிங்ஸில அவன் அடிச்ச அடிக்கு, அவன் இனிச் சாகும் வரைக்கும் சும்மா இருந்தாலும் நான் ஒண்டும் சொல்லமாட்டன்.

சுதா சின்னம்மா: அண்டைக்கு இவர் குதிச்ச குதியில பேஸ்மென்ற் சீலிங்கில லைற் கழண்டது. இன்னும் பூட்டேல்லை.

சித்தப்பா: பூட்டுவன்.

தாரணி: போன வருசம் இவை வெண்டதுக்குக் காரணம் ஹோம் ரன் இல்லை அபி. முழு லீக்கிலயும் ஆகக் குறைவா ஸ்ட்ரைக்கவுட் ஆன ரீம் எங்கட. சராசரியிலயும் முதலாவது. பந்தில பற்றைப் படவைக்கிறது, ஓடுறது, எதிரியைக் களைக்கப் பண்ணுறது. ஏர்னி கிளெமென்ற் ஒரு பிளேஓஃபில 30 ஹிற் அடிச்சு ரெக்கோர்ட் வச்சான். முந்தி ஒக்லண்ட்காரர் வேண்டாமெண்டு விட்ட பொடியன். அந்தப் பழக்கம் பிஷெட்டோட மட்டும் போகாது.

அபி: பிஷெட் நிண்ட ஷோர்ட்ஸ்டொப் இடத்தில இனி ஹிமேனெஸ். .210 அடிச்சவன்!

தாரணி: பிடிக்கிறதில அவனை மாதிரி ஆள் குறைவு. பிஷெட்டுக்கு அடி இருந்தது, பிடி இல்லை. பந்து நிலத்தில உருளேக்க பிட்சர்மார் ஆறுதலாயிருப்பினம். அடியில போறதை ஒகமோட்டோ கொஞ்சம் தரவேணும்.

பெரியப்பா: அது ஜப்பான்காரன் எல்லோ?

அபி: ஓம். யோமியூரி ஜயன்ற்ஸின்ர நாலாவது ஆளா நிண்டு 248 ஹோம் ரன் அடிச்சவன். நாலு வருசம், 60 மில்லியன். தேர்ட் பேஸ். ஆனா இஞ்ச 98 மைல் வேகத்தில நாளாந்தம் வரும். ஜப்பானில அப்பிடி இல்லை. முதல் ரெண்டு மாசம் திணறுவான், ஆக்கள் கூய் அடிப்பினம், எழுதி வையுங்கோ.

சித்தப்பா: சன்ரன்டேர்?

தாரணி: ஐஞ்சு வருசத்துக்கு 92.5 மில்லியன் குடுத்து எடுத்து, முதல் வருசம் .175 அடிச்சவன். தோள் நோ எண்டு பாதி சீசன் காணாமல் போனவன். அவனை நம்பி நான் கணக்குப் போடேல்லை. வந்தா அதிட்டம்.

அபி: அதுக்குத்தான் ரக்கரை எடுத்திருக்க வேணும் எண்டுறன். அவனும் டாட்ஜர்ஸுக்குப் போயிட்டான். நாலு வருசத்துக்கு 240 மில்லியன்.

பெரியப்பா: உந்த டாட்ஜர்ஸ்காரர் கடையில இருக்கிற சாமான் எல்லாத்தையும் தாங்களே வாங்குறாங்கள். மற்றவைக்கு என்ன மிச்சம்?

தாரணி: எங்களையும் ஏழையெண்டு சொல்லேலாது பெரியப்பா. விளாடியின்ர 14 வருசம், 500 மில்லியன் ஒப்பந்தம் இந்த வருசம்தான் தொடங்குது.

பெரியப்பா: அது குடுக்க வேண்டிய காசு. மொன்றியலில பிறந்த பொடியன். தகப்பன் அந்த ஊர் ரீம் எக்ஸ்போஸுக்கு அடிச்ச காலத்தில நான் ரேடியோவில கேட்டனான்.

அபி: பிளேஓஃபில .397, எட்டு ஹோம் ரன். சீசன் முழுக்க 23 மட்டும். அக்டோபர் விளாடி ஏப்ரலிலயே வந்தா நான் வாய் திறக்கமாட்டன்.

லண்டன் மாமா: ஒண்டு கேக்கிறன். அவ்வளவு கிட்டப் போய் எப்பிடித் தோத்தவை?

சித்தப்பா: மாமா, கேளுங்கோ. ஏழாவது மட்ச், ஒன்பதாவது இன்னிங்ஸில நாங்கள் அடிக்கிற முறை, 4க்கு 4. மூண்டு பேஸிலயும் ஆள், ஒரு அவுட். மூண்டாவது பேஸில பிஷெட்டுக்குப் பதிலா ஓட விட்ட கைனர்-பலேபா. வார்ஷோ நிலத்தில உருட்டி அடிச்சான். ரோஹாஸ் பிடிச்சு, தடுமாறி, ஓட்டம் முடியிற ஹோம் தட்டுப் பக்கம் எறிஞ்சான். கட்சர் ஸ்மித்தின்ர கால் தட்டை விட்டு எழும்பி, திரும்ப வந்து பட்டுது. அதுக்கும் கைனர்-பலேபாவின்ர கால் வந்து படுறதுக்கும் இடையில ஒரு அங்குலம் இருக்குமோ தெரியாது. ரீப்பிளேயில பாத்தும் அவுட். அந்த ஓட்டம் வந்திருந்தா அப்பவே கிண்ணம்.

அபி: அவன் மூண்டாவது பேஸை விட்டு எட்ட நிக்கேல்லை. நேரா அடிச்சுப் பிடிபட்டா ரெண்டு பேரும் அவுட் ஆவினம் எண்டு கிட்ட நிக்கச் சொன்னவை.

சித்தப்பா: அடுத்த பந்துகளில கிளெமென்ற் தூக்கி அடிக்க, பாஹேஸ் ஓடிவந்து தங்கட ஆளையே இடிச்சு விழுத்திப் பிடிச்சான். பதினோராவதில ஸ்மித் ஹோம் ரன். முடிஞ்சுது.

லண்டன் மாமா: ஐயோ. விளங்குது. உது எங்களுக்கும் எத்தினையோ இறுதிப் போட்டியில நடந்ததுதான்.

தாரணி: அந்த மட்சில ஒன்பதாவதில சமனாக்கின ஹோம் ரன்னை எங்கட ஹொப்மன் குடுத்தவன். சீசனில 33 மட்சை முடிச்சுக் குடுத்தவன் எண்டாலும் ஹோம் ரன் குடுக்கிற வியாதி அவனுக்கு இருக்கு. என்ர முழுப் பயமும் இந்தக் கடைசி இன்னிங்ஸ் ஆக்களிலதான். தொடங்கிற ஆக்கள் ஏழு பேர் இருந்தென்ன, முடிக்கிறவன் ஆர்? ரைலர் ரொஜர்ஸை மூண்டு வருசத்துக்கு எடுத்திருக்கினம். நல்லது. ஆனா அவன் எட்டாவதுக்கு. ஒன்பதாவதுக்கு இன்னும் அதே ஆள்தான்.

லண்டன் மாமா: ஆர் உந்த ரொஜர்ஸ்?

தாரணி: மாமா, அவனை நீங்கள் கட்டாயம் பாக்கவேணும். குனிஞ்சு, கை நிலத்தைத் தொடுமாப்போல கீழ இருந்து எறிவான். வேகமே இல்லை. ஆனா பந்து மேல எழும்புதோ கீழ போகுதோ எண்டு தெரியாமல் நல்ல நல்ல ஆக்கள் எல்லாம் நிலத்தில உருட்டிப் போட்டுப் போயிடுவினம்.

லண்டன் மாமா: எங்கட மாலிங்கவுக்குச் சொந்தக்காரனோ? வீடியோ அனுப்பு.

பெரியப்பா: சரி, எல்லாரும் ஒரு இலக்கம் சொல்லுங்கோ. எத்தினை வெற்றி?

அபி: 87. போன வருசம் யாங்கீஸும் நாங்களும் 94 வெற்றி, ஒருத்தரை ஒருத்தர் விளையாடின கணக்கில முந்தினதாலதான் முதலிடம். இந்த முறை யாங்கீஸின்ர பிட்சர் ஜெரிட் கோல் திரும்ப வாறான். பொஸ்ரனுக்குப் புது பிட்சர்மார் சுவாரெஸ், சன்னி கிரே. போல்ற்றிமோர் ஹோம் ரன் அடிக்கிற அலொன்சோவை எடுத்திட்டுது. ஆரையும் லேசா வெல்லேலாது.

தாரணி: 91. முதலிடமோ தெரியாது, பிளேஓஃப் நிச்சயம்.

சித்தப்பா: 95. கிண்ணமும்.

பெரியப்பா: 97.

அபி: பெரியப்பா, 2024லயும் உதைத்தான் சொன்னியள். 74 வெண்டு கடைசி இடம்.

பெரியப்பா: 92லயும் 93லயும் கிண்ணம் எண்டு சொன்னனான், நடந்தது. 93ல ஜோ காட்டர் ஹோம் ரன் அடிச்சுக் கிண்ணம் எடுத்த அண்டு யங் வீதியில சனத்தைப் பிரிச்சுக் கொண்டு போக ஏலாமல் விடிய வேலைக்குப் பிந்தினனான். முதலாளியும் அங்கதான் நிண்டவர், ஒண்டும் கேக்கேல்லை.

சுதா சின்னம்மா: இது 50ஆவது சீசனாம், ரிவியில சொன்னாங்கள். அதுக்கு ஏதும் சும்மா குடுப்பினமோ? போன முறை குடுத்த தொப்பி சின்னவனுக்குப் பத்தாது.

அபி: எங்களுக்கு எந்த மட்ச்? மார்ச் 27 அத்லெற்றிக்ஸோட முதலாவது. இல்லாட்டி டாட்ஜர்ஸ்.

பெரியப்பா: டாட்ஜர்ஸ்தான். உவங்களைப் பார்த்து நானே நேரில கூய் அடிக்கவேணும். ஸ்கைடோம் ஸ்ரேடியத்தில மேல் தட்டு இருக்கை காணும்.

தாரணி: டாட்ஜர்ஸ் மட்சுக்கு விலை எக்கச்சக்கமா இருக்கும். அதே காசுக்கு மே மாதத்தில ரெண்டு மட்ச் பாக்கலாம். அப்ப கூரையும் திறந்திருக்கும்.

பெரியப்பா: மே மாதம் நீங்கள் போங்கோ. எனக்கு டாட்ஜர்ஸ்.

லண்டன் மாமா: நாங்கள் ஓகஸ்ட்டில வாறம். எனக்கும் மாமிக்கும் ஒரு மட்ச் போடுங்கோ. உந்தத் தலையில தட்டுறதை நேரில பாக்கவேணும்.

அபி: சரி, முடிவு. டாட்ஜர்ஸுக்கு பெரியப்பா, சித்தப்பா, நான். மே மாதம் எல்லாரும். ஓகஸ்ட் மாமா வரேக்க பாப்பம். காசை இண்டைக்கே எனக்கு இ-ட்ரான்ஸ்பர் பண்ணுங்கோ, போன முறை மாதிரி ஜூலை வரைக்கும் இழுக்காதையுங்கோ.

சித்தப்பா: 👍

சுதா சின்னம்மா: இவருக்கு ரிக்கெட் எடுக்க முதல் அந்த லைற்றைப் பூட்டச் சொல்லு அபி.