மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக்கில் ஏற பெல்ட் சரிப்படவில்லை, வேறு வழி உண்டா?

நாகலூர்க்காரன்

வணக்கம். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்களுக்குக் காப்பித் தோட்டம். ஊடே மிளகு, எல்லாம் சில்வர் ஓக்கில் ஏற்றியது. அப்பா காலத்தில் யாரும் கொடியின் தலையைக் கிள்ளவில்லை. இப்போது நிறைய மரங்களில் நாற்பதடிக்கு மேலே போய்விட்டது. சரம் நன்றாகப் பிடிப்பதும் வெயில் படுகிற அந்த உச்சியில்தான்.

கீழே இருப்பதை ஒற்றை மூங்கில் ஏணி வைத்துப் பறித்துவிடுகிறோம். அதற்கு மேலே போகிற ஆள் ஒருவர்தான். இடுப்பில் ஒரு கயிற்றைச் சுற்றி மரத்தோடு கட்டிக்கொண்டு நிற்கிறார், அவ்வளவுதான் பாதுகாப்பு. போன பருவத்தில் பக்கத்துத் தோட்டத்தில் ஒருவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. இருபது கொண்டை ஊசி வளைவையும் அந்த வலியோடு இறங்கித்தான் சேலம் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

அதனால் கம்பம் ஏறுகிறவர்கள் போடும் பெல்ட் ஒன்று வாங்கினேன். மரத்தைச் சுற்றிப் போகிற பட்டை நாலடி ஏறியதும் கொடியின் பக்கக் கிளையில் மாட்டிக்கொள்கிறது. கழற்றி மேலே மாட்டலாம் என்றால் அந்த நேரத்தில் ஆள் எதிலும் இல்லை. கழற்றாமல் இழுத்தால் கணு வேர் பிய்ந்து, கொடி ஒரு முழத்துக்கு மரத்தை விட்டுத் தொங்குகிறது. மாசி மாதம் சரம் பழுத்து நிற்கிறபோது கொடியைப் பிய்த்துப் போட முடியுமா?

மரங்கள் அறுபதடி இருக்கும். காலையில் பத்து மணி வரை பட்டை ஈரமாக இருக்கிறது. தோட்டத்தின் ஓரம் ஒரு வரிசையை ஒட்டி ஈ.பி. லைன் போகிறது. என்ன செய்யலாம்? நல்ல பெல்ட் எது என்று சொன்னாலும் போதும்.

கொட்டச்சேடு தோட்டம்

பெல்ட், ஹெல்மெட் எல்லாம் டவுன் வேலைங்க. நம் ஆட்கள் பரம்பரையாக ஏறுகிறவர்கள். ஏணியை ஒழுங்காகக் கட்டினாலே பாதி ஆபத்து போய்விடும். கீழ்முனையை மண்ணில் ஒரு சாண் இறக்குங்கள், தலையை மரத்தோடு இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டுங்கள், அதன் பிறகு கை வையுங்கள். போன வருட மூங்கிலை இந்த வருடம் நம்பாதீர்கள். கணுவுக்குக் கணு தட்டிப் பாருங்கள், பூச்சி அரித்திருந்தால் சத்தம் மாறும்.

லைன்மேன், ஓய்வு

மேலே இருப்பவர் ஏணியைப் பற்றிச் சொன்னது சரி. பரம்பரை பற்றிச் சொன்னது சரியில்லை. பரம்பரையாக ஏறியவர்கள்தான் விழவும் செய்கிறார்கள்.

தம்பி, நீங்கள் வாங்கிய பெல்ட் கம்பத்தில் சாய்ந்து நின்று இரண்டு கையாலும் வேலை செய்வதற்கானது. விழுகிற ஆளைப் பிடிப்பதற்கானது அல்ல. வெறும் இடுப்புப் பட்டையோடு விழுந்தால் முழு அதிர்ச்சியும் முதுகுத்தண்டிலும் வயிற்றிலும்தான் இறங்கும். தோள், மார்பு, தொடை எல்லாவற்றையும் பிடிக்கிற முழு உடல் ஹார்னஸ் வேண்டும். லேபிளில் ஐ.எஸ். 3521 (இந்தியத் தரம்) அல்லது ஈ.என். 361 (ஐரோப்பியத் தரம்) என்று இருக்கிறதா பாருங்கள். எதுவும் அச்சிடாத மலிவு சரக்கு சேலம் செவ்வாய்ப்பேட்டையிலும் கிடைக்கும், ஆன்லைனிலும் கிடைக்கும். வேண்டாம்.

அந்த ஈ.பி. லைன் வரிசை. பெரும்பாலும் 11 கேவியாக, அதாவது பதினோராயிரம் வோல்ட்டாக இருக்கும். அலுமினிய ஏணி அந்தப் பக்கமே வரக் கூடாது. மூங்கில்தானே என்று நினைக்காதீர்கள், பனியில் நனைந்த மூங்கிலும் நனைந்த கயிறும் மின்சாரம் கடத்தும். தொட வேண்டும் என்றுகூட இல்லை, பக்கத்தில் போனாலே பாயும். அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, லைனை நிறுத்தி, அவர்கள் ஆள் வந்து எர்த் போட்ட பிறகுதான் அந்த வரிசையில் பறிப்பு. "இப்போ கரண்ட் இல்லைங்க, கட் ஆயிருச்சு" என்று ஏறுவது தற்கொலை. எந்த நேரமும் திரும்ப வரும்.

பழைய போசன்

சேலம் அழகாபுரத்தில் இருக்கிறேன். சரக்குக் கப்பலில் போசனாக, அதாவது தளத்து மாலுமிகளுக்குத் தலைவனாக இருந்தவன், கடைசியில் கொச்சியில் பாய்மரப் படகுகளிலும் கொஞ்ச காலம் வேலை பார்த்தேன். தம்பியின் பிரச்சினை எனக்குப் பழக்கமானது. படகின் பாய்மரத்தில் பாதி உயரத்தில் இரண்டு பக்கமும் குறுக்குக் கைகள் நீட்டியிருக்கும். மரத்தைச் சுற்றிப் பட்டை போட்டு ஏறினால் அங்கே வந்து நின்றுவிடும். கழற்றித்தான் தாண்ட வேண்டும். உங்கள் கொடி எப்படியோ, எங்கள் குறுக்குக் கை அப்படி.

அதனால் படகில் தண்டைச் சுற்றுவதை மட்டும் நம்பி ஏற மாட்டார்கள். உச்சியில் கப்பி வழியாகப் பாயை ஏற்றும் கயிறுகள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். ஒன்றில் ஆள் உட்கார்ந்து ஏறுவார், இன்னொன்று காவலுக்கு. ஒரு கயிறு அறுந்தாலும், முடிச்சு அவிழ்ந்தாலும், கீழே இழுப்பவன் கை நழுவினாலும் மற்றது பிடிக்கும். இரண்டும் வேறு வேறு இடத்தில் தொங்க வேண்டும், கீழே வேறு வேறு ஆள் பிடிக்க வேண்டும். ஒரே கிளையில் இரண்டையும் போட்டுவிட்டு இரண்டு கயிறு இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளக் கூடாது.

அப்புறம், பாய்க்கயிற்றின் முனையில் சட்டென்று திறக்கிற கொக்கி இருக்கும். அதில் ஆளை மாட்டவே மாட்டோம். உரசினால் திறந்துகொள்ளும். கயிற்றையே நேராக ஹார்னஸ் வளையத்தில் '8' வடிவ முடிச்சாகப் போட்டு, அதே வழியில் திரும்பக் கோத்து, முனையை ஒரு சாண் மிச்சம் விடுவோம். போட்டவர் பார்த்தால் போதாது, இன்னொருவர் விரல் வைத்துத் தடம் பிடித்துப் பார்க்க வேண்டும். கப்பலில் ஆள் மேலே போகும் முன் ரேடாரை நிறுத்தி, சுவிட்சில் அட்டை தொங்கவிடுவோம். லைன்மேன் ஐயா சொன்னதும் அதேதான்.

எனவே நல்ல பெல்ட் எது என்று கேட்பதை விட்டுவிட்டு, உச்சியில் எதில் தொங்கப் போகிறோம், கீழே யார் பிடிக்கிறார்கள், மேலே மயங்கினால் யார் எப்படி இறக்குவார்கள் என்று கேளுங்கள்.

நாகலூர்க்காரன்

ரொம்ப நன்றி ஐயா. ஆனால் படகில் கயிறு ஏற்கெனவே உச்சியில் இருக்கிறது. என் மரத்தில் இல்லையே. முதல் கயிற்றை மாட்ட ஒருவர் வெறும் கையோடு ஏறித்தானே ஆக வேண்டும்?

பழைய போசன்

வேண்டாம். உங்கள் ஊரில் உண்டிவில் அடிக்கிற பையன்கள் இல்லாமலா போய்விட்டார்கள்? தூண்டில் நரம்பில் சின்ன ஈயக்குண்டு கட்டி, நல்ல கவட்டைக்கு மேலே விழும்படி அடிக்கச் சொல்லுங்கள். குண்டு மறுபக்கம் இறங்கியதும் நரம்பில் சணலைக் கட்டி இழுங்கள், சணலில் கயிற்றைக் கட்டி இழுங்கள். ஆள் ஏறாமலே கயிறு உச்சிக்குப் போய்விடும். அடிக்கிறபோது கீழே யாரும் நிற்கக் கூடாது.

வேலை முடிந்ததும் பெரிய கயிற்றைக் கழற்றும்போது ஒரு மெல்லிய நைலான் கயிற்றை அதன் வாலில் கட்டி மேலே விட்டுவிடுங்கள். பாய்க்கயிறு மாற்றும்போது நாங்கள் அப்படித்தான் செய்வோம். அடுத்த வருடம் உண்டிவில் தேவைப்படாது. மரத்தில் முடிச்சுப் போட்டுக் கட்டாதீர்கள், மரம் பருக்கும்போது பட்டையை நெரிக்கும். கவட்டை மேல் சும்மா வளையமாகக் கிடக்கட்டும். ஒரு வருட வெயில் தின்ற கயிறு அது, பெரிய கயிற்றை இழுக்க மட்டும்தான். அதில் ஒருபோதும் ஆள் தொங்கக் கூடாது.

பாறை ஏறி

நான் பாறை ஏறுகிறவன், மரமும் ஏறியிருக்கிறேன். போசன் ஐயா சொன்னதோடு ஒரு கணக்கைச் சேர்க்க வேண்டும், இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

கயிறு மேலே கவட்டை வழியாகப் போய், மறுமுனை கீழே அடிமரத்தில் கட்டப்பட்டிருந்தால், 80 கிலோ ஆள் தொங்கும்போது கவட்டை தாங்குவது 80 அல்ல, ஏறக்குறைய 160. ஆள் இழுக்கிற அளவுக்கு மறுபக்கமும் இழுக்கிறது. உராய்வில் கொஞ்சம் குறையும், அதை நம்ப வேண்டாம். பாய்மரத்தின் உச்சிக் கப்பிக்கும் இதே கணக்குத்தான், ஆனால் அது அதற்கென்றே செய்தது. சில்வர் ஓக் கிளை காற்றுக்கே முறிகிறது. அதிலும் நிழலுக்காகக் கழித்த இடத்தில் மறுபடி துளிர்த்து வந்த கிளை, பார்க்கத் தடியாக இருந்தாலும் தண்டின் வெளிப்புறத்தோடுதான் ஒட்டியிருக்கும். அதில் கயிறு போடாதீர்கள். ஆதியிலிருந்தே இருக்கிற பச்சைக் கிளை, தண்டோடு சேர்கிற இடத்தில் முன்கையைவிடத் தடிமனாக, கயிறு தண்டை ஒட்டியே படுகிற மாதிரி இருக்க வேண்டும். பிறகு மூன்று பேர் சேர்ந்து கயிற்றில் தொங்கிக் குலுக்குங்கள். சடசட என்றால் அந்த மரம் இந்த வருடம் வேண்டாம்.

இரண்டு மடங்கு பாரம் என்றாலும் அடிமரத்தில் கட்டுவதையே நான் சொல்வேன். காரணம், அங்கே வெறும் முடிச்சுக்குப் பதில் டிசென்டர் (கயிற்றைப் பிடித்து வைத்து, வேண்டும்போது மெல்ல நழுவவிடும் கருவி) ஒன்றில் கயிற்றைப் பூட்டி வைத்தால், மேலே இருப்பவரை யாரும் ஏறாமல் கீழிருந்தே இறக்கலாம். கதண்டு கொட்டினாலோ, மயக்கம் வந்தாலோ இதுதான் உயிர் காக்கும். ஹார்னஸில் அசையாமல் தொங்குகிறவருக்குக் காலில் ரத்தம் தேங்கிச் சில நிமிடங்களிலேயே நினைவு தப்பலாம். 108 மலை ஏறி வரும் வரை காத்திருக்கிற விஷயமல்ல. இப்படி இறக்க, கயிறு கவட்டையின் உயரத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்க வேண்டும். நாற்பதடியில் கவட்டை என்றால் நூறடியாவது. முனையில் தடித்த முடிச்சு ஒன்று, கயிறு தீர்ந்து டிசென்டரை விட்டு ஓடிவிடாமலிருக்க.

கயிறு: 11 மி.மீ. ஸ்டாட்டிக், ஈ.என். 1891 ஏ வகை. குறைந்தது 22 கிலோநியூட்டன், அதாவது சுமார் 2,200 கிலோ இழுவை தாங்க வேண்டும் என்பது அந்தத் தரத்தின் விதி. லாரிக்குத் தார்ப்பாய் கட்டுகிற பிளாஸ்டிக் கயிறு ஆளுக்கு ஆகாது. ஸ்டாட்டிக் கயிறு அதிகம் நீளாது, எனவே காவல் கயிறு எப்போதும் தொய்வில்லாமல் இருக்க வேண்டும். ஆறடி தொய்வு விட்டு விழுந்தால் கயிறு தாங்கும், உடம்பு தாங்காது.

கொட்டச்சேடு தோட்டம்

இவ்வளவு செய்துகொண்டிருந்தால் ஒரு நாளைக்கு எத்தனை மரம் பறிப்பது? கூலி கட்டுமா?

பாறை ஏறி

எல்லா மரத்துக்கும் செய்யச் சொல்லவில்லை. ஏணி எட்டாத மரத்துக்கு மட்டும். மெல்லிய கயிறு மேலே விட்டு வைத்த மரத்தில் மாட்டுவதற்கு அதிக நேரம் பிடிக்காது. அப்படியும் கட்டுப்படியாகாத மரத்தில் உச்சி மிளகைப் பறவைகளுக்கு விட்டுவிடலாம், என் அபிப்பிராயம்.

தோட்டக்கலை படித்தவள்

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். நாற்பதடிக் கொடி தேவையே இல்லை. எட்டுகிற உயரத்தில் தலையை வெட்டிவிட்டால் பக்கக் கிளைகள் அடர்ந்து வரும். ஒரே வருடத்தில் எல்லா மரத்தையும் வெட்டாமல் வரிசை வரிசையாகச் செய்யுங்கள், மகசூல் ஒரேயடியாக விழாது. நிழலைச் சீராகக் கழித்தால் கீழேயும் சரம் பிடிக்கும். ஏற்காட்டிலேயே தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, நேரில் போய்க் கேளுங்கள்.

லைன்மேன், ஓய்வு

நிழல் கழிப்பது என்றதும் சொல்ல வேண்டியது. இந்தக் கயிறு ஏற்பாட்டோடு மேலே கொடுவாள் வீசக் கூடாது. விறைப்பாக இருக்கிற கயிற்றில் கத்தி லேசாகப் பட்டாலே போதும், அறுந்துவிடும். பறிப்பு வேறு நாள், கழிப்பு வேறு நாள், அதற்கு வேறு ஆள், வேறு முறை.

நாகலூர்க்காரன்

எல்லோருக்கும் நன்றி. ஹார்னஸ், கயிறு, இரண்டு டிசென்டர், ஸ்க்ரூ உள்ள காரபினர்கள் (கயிறு மாட்டும் உலோக வளையங்கள்) எல்லாம் வந்துவிட்டன. பாறை ஏறித் தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து, ஆறடி உயரத்திலேயே தொங்கவிட்டு இறக்கிப் பழக்கினார். எங்கள் ஆள் முதலில் சிரித்தார். ஹார்னஸில் கை இரண்டையும் விட்டுவிட்டுப் பறிக்கலாம் என்று தெரிந்ததும் அவருக்கே பிடித்துவிட்டது. ஈ.பி. வரிசையை இந்த வருடம் விட்டுவிட்டோம். மற்ற வரிசைகளில் கொடியின் தலையை இந்தப் பருவம் முடிந்ததும் வெட்டப் போகிறேன்.

ஒரு சந்தேகம் மிச்சம். பறித்த சரம் போடுகிற சாக்கை அவர் வழக்கமாக இடுப்பில் கட்டிக்கொள்வார். இப்போது ஹார்னஸ் வளையத்தில் மாட்டலாமா?

பழைய போசன்

கூடாது. சாக்கு நிறைய நிறைய ஆள் ஒரு பக்கம் சாய்வார், அந்தப் பாரமும் கவட்டையில் இரண்டு மடங்காக ஏறும். சாக்குக்குத் தனியாக ஒரு கயிறு, வேறு கிளையில். பாதி நிறைந்ததும் கீழே இறக்கச் சொல்லுங்கள். இறக்குகிறவர் காவல் கயிறு பிடிக்கிறவராக இருக்கக் கூடாது, அவர் கையை எடுக்கவே கூடாது. மேலே இருப்பவர் "இறக்கு" என்றால் சாக்கா, தானா என்று குழப்பம் வரும். சாக்குக்கு "மிளகு", ஆளுக்கு "ஆள்" என்று இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள், மூடுபனியில் முகம் தெரியாது.