செங்கோட்டைப் புதிர்ப் பெட்டி: கடைசிக் கணக்கில் உதவி வேண்டும்

செங்கோட்டைக்கும் ஆரியங்காவுக்கும் இடையே மறைத்து வைக்கப்பட்டுள்ள ஜியோகேச் பெட்டியை (புதிரை விடுவித்து, கிடைக்கும் ஆயத்தொலைவுகளை ஜிபிஎஸ் கருவியில் இட்டுத் தேடும் புதையல் பெட்டி) தேடும் நண்பர்களுக்கு வணக்கம். புதிர்க் குறிப்பின்படி, கழுதுருட்டி ரயில் பாலத்தின் 13 கண்களை (வளைவுகளை), செங்கோட்டை தமிழகத்தோடு இணைந்த 1956-இன் இலக்கங்களைக் கூட்டினால் வரும் 21-ஆல் பெருக்க, 273 கிடைக்கிறது, அதுவரை ஐயமில்லை. கிழக்குக்கான (தீர்க்கரேகை) எண்ணும் தெளிவாகவே உள்ளது. ஆனால் வடக்குக்கு (அட்சரேகைக்கு) '8 டிகிரி 58, பிறகு 273' என்று மட்டுமே எழுதியிருக்கிறார்கள். இதை 58.273 நிமிடம் என்று கொள்வதா, 58 நிமிடம் 27.3 விநாடி என்று கொள்வதா? 0.273 நிமிடம் என்பது 16.4 விநாடிதான் என்பதால், இரு புள்ளிகளும் தெற்கு வடக்காக ஏறத்தாழ 335 மீட்டர் விலகி, ஒன்று சாலையோரத்திலும் மற்றொன்று காட்டுக்குள்ளும் விழுகின்றன. அனுமதியின்றிக் காட்டில் கால்வைக்க எனக்கு விருப்பமில்லை. பெட்டியை ஏற்கெனவே எடுத்தவர்கள், இடத்தைச் சொல்லாமல், எந்த முறை சரி என்பதை மட்டும் தெரிவித்தால் போதும்.