சிவிலைசேஷன் 6: யாரும் படையெடுக்காமலே என் நகரம் ரோமோடு சேர்ந்துவிட்டது, எங்கே தவறினேன்?

புதுச்செட்லர்:

எல்லோருக்கும் வணக்கம். டர்ன் வைத்து ஆடும் விளையாட்டுக்கு நான் புதிது. இதுவரை ஆடியதெல்லாம் கிரிக்கெட்டும் கார் ரேஸும்தான். எங்கள் அண்ணன், நகரங்கள் கட்டி நாட்டை வளர்க்கும் சிவிலைசேஷன் 5 விளையாட்டுப் பைத்தியம். அவன் ஆடுவதை நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்துப் பார்த்து எனக்கும் ஆசை வந்துவிட்டது. போன மாதம் தள்ளுபடியில் 6-ஐ வாங்கினேன். அதன் கூடுதல் பகுதிகளான ரைஸ் அண்ட் ஃபால், கேதரிங் ஸ்டார்ம் இரண்டும் சேர்ந்தே வந்தன.

இந்தியாவின் தலைவராகக் காந்தியை எடுத்தேன். கடினம் பிரின்ஸ், வேகம் ஸ்டாண்டர்ட். இப்போது 96-வது டர்ன். நிலைமையைச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள்.

டெல்லியில் மக்கள்தொகை 8. இரண்டாவது ஊர் 3-ல் நின்றதோடு சரி, முப்பது டர்னாக நகரவே இல்லை. ஊர்ப் பெயர்ப் பலகைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு வீட்டுப் படம் மட்டும் தெரிகிறது. மூன்றாவது ஊரைக் கடற்கரையில் 71-வது டர்னில் போட்டேன், பக்கத்தில் முத்து இருந்தது என்பதற்காக. 81-ல் அது கலகம் செய்து "சுதந்திர நகரம்" ஆகிவிட்டது. இன்னும் கொஞ்ச டர்னில் ரோமோடு சேர்ந்துவிட்டது! ஒரு போர் கிடையாது, ஒரு அம்பு கிடையாது.

இது போக, ஆரம்பத்தில் பார்பேரியன் குதிரை வீரர்கள் வந்து, நிலத்தைச் சீர்செய்யும் என் பில்டரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நகரமே அம்பு விடும் என்று அண்ணன் சொல்லியிருந்தான். டெல்லி கைகட்டி வேடிக்கை பார்த்தது. ஸ்டோன்ஹெஞ்ச் என்ற அதிசயத்தைக் கட்டப்போய், இரண்டு டர்ன் பாக்கி இருக்கும்போது வேறு யாரோ முடித்துவிட்டார்கள்.

ரோமின் டிராஜன் என்னைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைச் சுளிக்கிறார். நான் அவருக்கு என்ன கெடுதல் செய்தேன்?

ராத்திரி ராஜா:

96-வது டர்னில் இரண்டே நகரமா? ப்ரோ, அதை மூடிவிட்டுப் புது ஆட்டம் ஆரம்பியுங்கள். டிராஜனையே எடுங்கள். நீங்கள் போடும் ஒவ்வொரு நகரத்திலும் ஒரு மானுமென்ட் (நினைவுச்சின்னக் கட்டடம்) இலவசமாகவே வந்து நிற்கும், முதல் ஆட்டத்துக்கு அதைவிட வசதியான ஆள் இல்லை.

வைகைக்கரை:

மூட வேண்டாம் தம்பி. தோற்கிற ஆட்டத்தில்தான் கற்றுக்கொள்ள விஷயம் இருக்கும். மூன்று கேள்வி கேட்கிறேன், ஆட்டத்தைத் திறந்துவைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள். போன அந்தக் கடற்கரை ஊர் டெல்லியிலிருந்து எத்தனை கட்டம்? பக்கத்து ரோம் நகரத்திலிருந்து எத்தனை கட்டம்? கவர்னர் யாரையாவது எங்கேயாவது அமர்த்தியிருக்கிறீர்களா?

புதுச்செட்லர்:

எண்ணிப் பார்த்தேன். டெல்லியிலிருந்து 11. ரோமிலிருந்து 5. எண்ணும்போதே கொஞ்சம் புரிகிற மாதிரி இருந்தது.

கவர்னரா? மேலே ஒரு பொத்தான் ரொம்ப நாளாக மின்னிக்கொண்டிருந்தது, நான் கண்டுகொள்ளவில்லை. இப்போது திறந்தால் கவர்னரை அமர்த்தத் தரும் பட்டம் இரண்டு செலவழிக்காமல் இருக்கிறது.

வைகைக்கரை:

அதேதான். இதற்குப் பெயர் லாயல்டி, அதாவது ஊரின் விசுவாசம். ரைஸ் அண்ட் ஃபாலில் வந்தது, 5-ல் கிடையாது. அதனால் உங்கள் அண்ணன் சொல்லியிருக்க வாய்ப்பே இல்லை.

ஒவ்வொரு நகரத்திலும் இருக்கும் மக்கள் சுற்றியுள்ள ஊர்களைத் தங்கள் பக்கம் இழுப்பார்கள். ஒரு கட்டம் தள்ளிப் போனால் அந்த இழுப்பு 10% குறையும். 9 கட்டத்தைத் தாண்டினால் ஒன்றுமே இல்லை. டெல்லி 11 கட்டம் தள்ளி இருந்ததால் அதன் 8 பேரும் அந்த ஊரைப் பொறுத்தவரை இல்லாத மாதிரிதான். ரோம் 5 கட்டத்தில் இருந்ததால் அங்கிருந்த ஒவ்வொருவரும் பாதி பலத்தோடு இழுத்திருப்பார்கள். உங்கள் ஊரில் இருந்ததோ ஒன்றோ இரண்டோ பேர். ஊர் பிறக்கும்போது லாயல்டி 100 இருக்கும். பத்து டர்னில் போயிருக்கிறது என்றால் ஒரு டர்னுக்குக் கிட்டத்தட்ட 10 குறைந்திருக்கிறது. நகரத்தைத் தட்டினால் சிவப்பு எண்ணாகத் தெரிந்திருக்குமே.

கவர்னர் ஒருவர் அமர்ந்திருந்தால் டர்னுக்கு +8. மானுமென்ட் கட்டியிருந்தால் +1. இரண்டும் இருந்தால் ஒருவேளை இழுத்துப் பிடித்திருக்கலாம். அதற்குப் பிறகும் ரோம் பொற்காலத்தில் நுழைந்து, நீங்கள் இருண்ட காலத்தில் விழுந்திருந்தால் கதை முடிந்தது. பொற்காலத்தில் ஒரு ஆள் ஒன்றரை ஆளாக இழுப்பார், இருண்ட காலத்தில் அரை ஆளாக. என் முதல் ஆட்டத்தில் நான்கு ஊரை இப்படியே பறிகொடுத்தேன், அதில் ஒன்றில் கட்டி முடித்த கேம்பஸ் (அறிவியல் வளாகம்) வேறு.

புதுச்செட்லர்:

அப்படியென்றால் முத்துக்கு ஆசைப்பட்டது தப்பா அக்கா?

வைகைக்கரை:

ஆசைப்பட்டதில் தப்பில்லை. நடுவில் ஒரு ஊரைப் போட்டுவிட்டு அப்புறம் அங்கே போயிருக்க வேண்டும். வீடு கட்டாமல் கொல்லைப்புறத்துக்கு வேலி போட்ட மாதிரி ஆகிவிட்டது. இரண்டு நகர மையங்களுக்கு நடுவில் மூன்று கட்டம் இருந்தால் போதும், விளையாட்டு அனுமதிக்கும். நெருக்கமாகப் போடப் பயப்படாதீர்கள். ஒன்றை ஒன்று தாங்கும்.

மூன்றாம் கட்டம்:

வளராத ஊரைப் பற்றி யாரும் பேசவில்லையே. அந்த ஊரில் ஆறு, ஏரி, கடல் ஏதாவது உண்டா? ஊர் போடும் செட்லரைத் தேர்ந்தெடுத்தபோது நிலம் என்ன நிறத்தில் தெரிந்தது?

புதுச்செட்லர்:

தண்ணீர் எதுவும் இல்லை. நிறம் வெளிறிய மாதிரி இருந்தது என்று நினைவு. சுற்றிலும் சமவெளி, இரண்டு வயல் போட்டிருக்கிறேன். உணவு +2 என்றுதான் காட்டுகிறது, அப்புறம் ஏன் வளரவில்லை?

மூன்றாம் கட்டம்:

கரும்பச்சை என்றால் நன்னீர், இளம்பச்சை என்றால் கடற்கரை, வெளிறியது என்றால் வறண்ட இடம், சிவப்பு என்றால் குடியேறவே முடியாது. இந்த நிறங்களை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள்.

சோறு இருக்கிறது, படுக்கத்தான் இடமில்லை. அந்த வீட்டுப் படம் சொல்வது அதைத்தான். நன்னீர் ஓரத்து ஊர் 5 ஹவுசிங்கோடு (குடியிருப்பு இடத்தோடு) ஆரம்பிக்கும், கடற்கரை 3, வறண்ட இடம் 2. வயல் ஒன்றுக்கு அரை. உங்களுக்கு 2-ம் இரண்டு அரையும் சேர்ந்து 3. மக்களும் 3. ஹவுசிங் மக்கள்தொகையைவிட 2 அதிகமாக இருந்தால்தான் முழு வேகத்தில் வளரும். 1 அதிகம் என்றால் பாதி வேகம். சமமாகிவிட்டால் கால்வாசி. உங்கள் +2 உணவில் அரைதான் கணக்கில் சேர்கிறது. நான்காவது ஆள் பிறக்க முப்பத்துச் சொச்சம் உணவு வேண்டும். அரை அரையாகச் சேர்த்தால் அறுபது டர்னுக்கு மேல் ஆகும்!

சரி, மருந்து. காந்தி எடுத்தவர் கையிலேயே இருக்கிறது, நீங்கள் பார்க்கவில்லை. இந்தியாவுக்கு மட்டும் உள்ள படிக்கிணறு. இர்ரிகேஷன் என்ற பாசன நுட்பத்தைப் படித்துவிட்டால் பில்டர் வெட்டித்தருவார். +1 உணவு, +1 ஹவுசிங். குன்றின் மேல் வெட்ட முடியாது, இரண்டு கிணற்றை ஒட்டி ஒட்டி வெட்டவும் முடியாது. அப்புறம் கிரேனரி என்ற தானியக் கிடங்கு, ஹவுசிங் +2. இரண்டும் வந்தால் 3 என்பது 6 ஆகிவிடும்.

ராத்திரி ராஜா:

பார்பேரியன் விஷயத்தை நான் சொல்கிறேன். முதலில் ஒற்றை ஸ்கௌட் ஒருவன் வந்து உங்கள் ஊரை எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருப்பான். தலைக்கு மேல் ஆச்சரியக்குறி இருந்ததா? அவன் தன் முகாமுக்குத் திரும்பிச் சொன்ன பிறகுதான் படை கிளம்பும். திரும்பவிடக் கூடாது. துரத்தினால் பிடிக்க முடியாது, அவனுக்குக் கால் நீளம். முகாம் இருக்கும் திசையில் மறித்து நில்லுங்கள்.

6-ல் மதில் கட்டாத நகரம் சுடாது. ஆகவே ஆரம்பத்திலேயே ஸ்லிங்கர் (கவண் வீரர்) ஒன்றிரண்டு வேண்டும். ஸ்லிங்கரால் ஒருவனைக் கொன்றால் ஆர்ச்சரி என்ற வில்வித்தை நுட்பத்துக்கு யுரேகா என்ற ஊக்கம் கிடைக்கும், ஆராய்ச்சியில் 40% உடனே வந்துவிடும். டிசிப்ளின் என்ற கொள்கைக் கார்டு போட்டால் பார்பேரியனுக்கு எதிராக +5 பலம். பிடித்துக்கொண்டு போன பில்டரைத் திரும்ப மீட்கவும் முடியும், ஆனால் 96-வது டர்னில் அதை மறந்துவிடுங்கள்.

புதுச்செட்லர்:

ஆச்சரியக்குறி இருந்தது. ஏதோ பரிசு கொடுக்க வந்தவன் என்று நினைத்தேன்.

ஸ்டோன்ஹெஞ்ச் கட்டினது காந்திக்கு மதம் முக்கியம் என்று எங்கோ படித்ததால்தான். அண்ணனும் "நாலு நகரம் போதும், அதிசயங்களைக் கட்டு" என்பான். அவன் அப்படித்தான் ஜெயிக்கிறான், நானே கண்ணால் பார்த்திருக்கிறேன்.

வைகைக்கரை:

இதோ, முடிச்சு அவிழ்ந்துவிட்டது. உங்கள் அண்ணன் சொன்னது 5-க்குச் சரி. அங்கே டிரெடிஷன் கொள்கையை எடுத்தால் முதல் நான்கு நகரத்துக்குக் கட்டடம் இலவசம். மகிழ்ச்சி என்பது நாடு முழுக்க ஒரே பானை, புது நகரம் வந்தால் அதிலிருந்து எடுக்கும். பிரேவ் நியூ வேர்ல்ட் வந்தபின் நகரத்துக்கு நகரம் ஆராய்ச்சிச் செலவும் ஏறும். நான்கோடு நிறுத்துவது அங்கே புத்திசாலித்தனம்.

6-ல் அந்தத் தண்டனை எதுவும் இல்லை. நகரம் கூடினால் ஆராய்ச்சி விலை ஏறாது. கேம்பஸ் போன்ற டிஸ்ட்ரிக்டுகளின் எண்ணிக்கையோ மக்கள்தொகையைப் பொறுத்தது. முதல் டிஸ்ட்ரிக்டுக்கு 1 ஆள், இரண்டாவதற்கு 4, மூன்றாவதற்கு 7. ஒரே ஊரை 7 வரை வளர்ப்பதைவிட மூன்று ஊரில் ஆளுக்கொரு கேம்பஸ் போடுவது எவ்வளவு சுலபம், யோசித்துப் பாருங்கள். ஸ்டோன்ஹெஞ்சுக்கு 180 உற்பத்தி. முதல் செட்லருக்கு 80, அடுத்தடுத்து விலை ஏறும். நீங்கள் கோட்டை விட்டது ஒரு அதிசயத்தை அல்ல, கிட்டத்தட்ட இரண்டு நகரத்தை.

மதமும் அப்படித்தான். காந்தியின் சத்தியாகிரகம் யாரோ நிறுவிய மதத்துக்கே கூலி தருகிறது. நீங்கள் சந்தித்த நாடு ஒன்று மதம் நிறுவி, உங்களோடு போரில் இல்லாமல் இருந்தால் +5 ஃபெய்த், அதாவது மதப் புள்ளி. இந்தியாவின் தர்மம் என்ற திறனோ, உங்கள் ஊரில் ஒரே ஒருவர் பின்பற்றினாலும் அந்த மதத்தின் பலனைக் கொடுத்துவிடும். சொந்த மதம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் குடிமுழுகாது.

ராத்திரி ராஜா:

டிராஜன் முகச்சுளிப்புக்கும் இதுதான் காரணம். அவருக்குப் பரந்த நிலம் வைத்திருப்பவர்களைத்தான் பிடிக்கும், சின்ன நாடு என்றால் இளக்காரம். கெடுதல் ஏதும் செய்யவில்லை ப்ரோ, உங்களிடம் நிலம் இல்லை, அவ்வளவுதான். இருந்த கொஞ்சத்தையும் அவரே வாங்கிக்கொண்டு முறைப்பதுதான் அநியாயம்.

மூன்றாம் கட்டம்:

இனி செய்ய வேண்டியது. ஏர்லி எம்பயர் படித்திருப்பீர்கள், அதில் வரும் காலனைசேஷன் கார்டைப் போடுங்கள், செட்லர் 50% வேகமாக வரும். மேக்னஸ் என்ற கவர்னரை டெல்லியில் அமர்த்திவிட்டு அவர் அமர்ந்தபின் பக்கத்துக் காட்டை வெட்டுங்கள், உற்பத்தி ஒன்றரை மடங்காகக் கிடைக்கும். செட்லர் ஒன்று கிளம்பினால் ஊரில் ஒரு ஆள் குறையும், பதறாதீர்கள். இன்னொரு பட்டத்தை ரோம் எல்லைப் பக்கம் போடும் ஊருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ராத்திரி ராஜாவோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. பிரின்ஸில் கணினிக்குப் பெரிய சலுகை ஏதும் கிடையாது. 96-ல் இரண்டு நகரம் என்பது மோசம்தான், ஆனால் முடிந்துபோன கதை இல்லை.

ராத்திரி ராஜா:

முடிந்துபோன கதைதான். ஆனால் கற்றுக்கொள்ள ஆடிப் பார்க்கலாம்.

புதுச்செட்லர்:

நான்கு நாள் கழித்து வருகிறேன். இப்போது 118-வது டர்ன்.

வறண்ட ஊரில் ஒரு படிக்கிணறு, கிரேனரியைத் தங்கம் கொடுத்தே வாங்கினேன். 3-ல் கிடந்தது இப்போது 5. கேம்பஸுக்கு மலையை ஒட்டி இடம் பார்த்து வைத்திருக்கிறேன். டெல்லியைச் சுற்றிக் காட்டை வெட்டி இரண்டு செட்லர் அனுப்பினேன், இரண்டும் ஆற்றோரம், கரும்பச்சையில். ஒன்று ரோமிலிருந்து 6 கட்டம். அங்கே கவர்னரை வைத்திருக்கிறேன், லாயல்டி +3 என்று காட்டுகிறது. டெல்லி 7-க்கு இறங்கியது முதலில் வயிற்றைக் கலக்கியது.

இன்று காலை புது ஊர்ப் பக்கம் ஒரு ஸ்கௌட் வந்தான், தலையில் ஆச்சரியக்குறி. முகாம் பக்கம் ஒரு வாரியரை நிறுத்திவிட்டு ஆர்ச்சரை வைத்து அடித்தேன். இரண்டே அம்பு.

இன்னொரு சந்தேகம். 7-ல் சோழர் இருக்கிறார்களாமே, அதற்கே போய்விடலாமா?

வைகைக்கரை:

இருக்கிறார்கள். ஆனால் 2025-ல் 7 வெளிவந்தபோது ஒரே நாட்டை முதலிலிருந்து கடைசி வரை ஆடுவது என்பது இல்லை, காலகட்டம் மாறினால் நாடும் மாறியது. சோழர் வருவது இரண்டாவதான ஆய்வுக் காலத்தில். முதலில் இதை முடியுங்கள் தம்பி. ரோம் எல்லை ஊரில் மதில் கட்டியாயிற்றா?

புதுச்செட்லர்:

இல்லை அக்கா. அண்ணனுக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன். "நாலு நகரம் வந்துவிட்டதே, இனி அதிசயம் கட்டு" என்று பதில் போட்டிருக்கிறான். ஐந்தாவது செட்லரை வரிசையில் போட்டுவிட்டேன். மதில் அதற்கு முன்னாலா, பின்னாலா?

வைகைக்கரை:

டிராஜனின் படை எல்லையில் தெரிகிறதா?

புதுச்செட்லர்:

மூன்று லீஜியன்.

வைகைக்கரை:

முன்னால்.