சாமை அரவை நிறுவனத்துக்கு ஊர்க்காரர்கள் தரும் 30 லட்சம்: எந்த வடிவில் வாங்குவது?

கேள்வி – சாமைக்காடு

வணக்கம். தருமபுரி பக்கம் சாமை, தினை, கேழ்வரகு வாங்கி, தோல் நீக்கிச் சுத்தம் செய்து விற்கும் பிரைவேட் லிமிடெட் நிறுவனம். கொள்முதல் முழுக்க மலையடிவார விவசாயிகளிடம், சந்தை விலைக்கு மேல் வைத்து, அன்றைக்கே பணம். ஆண்டு விற்பனை 90 லட்சம், மொத்த லாபம் 22 சதவீதம். சம்பளம், வாடகை, கரண்ட் எல்லாம் 12 லட்சம்.

தேவை 30 லட்சம்: அறுவடை நேரத்துக் கொள்முதலுக்கு 20, கல் நீக்கும் எந்திரத்துக்கும் தோல் நீக்கும் எந்திரத்துக்கும் 10. வங்கி மாதத் தவணை கேட்கிறது. எங்களுக்கோ கார்த்திகையில் பணம் வெளியே போய், ஆடி வரை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திரும்பும். ஊரில் 15 பேர் ஆளுக்கு 2 லட்சம் தரத் தயார். பேராசை இல்லாதவர்கள், விவசாயிக்கு நல்ல விலை போகணும் என்பதுதான் அவர்களுக்கு முக்கியம். "விற்பனையில் 5 சதவீதம், போட்டது 1.4 மடங்கு ஆகும் வரை" என்று பேசியிருக்கிறோம். சரியா வருமா?

பதில் 1 – சேலம் கணக்கர்

முதலில் சட்டம். 15 பேரும் இயக்குநரோ அவர் உறவினரோ இல்லையென்றால், கம்பெனிகள் சட்டப்படி இது 'டெபாசிட்'; வெளியாளிடம் அதை வாங்க பிரைவேட் லிமிடெட்டுக்கு அனுமதி இல்லை. பத்திரத்தில் "முதலீடு", "விற்பனைப் பங்கு" என்று எழுதினாலும் திருப்பித் தர வேண்டிய பணம் டெபாசிட்தான். பிரச்சினை வந்தால் அபராதம் நிறுவனத்தோடு நிற்காது, இயக்குநர் மேலும் வரும்.

சட்டத்துக்கு உட்பட்ட வழிகள் உண்டு. 15 பேருக்கும் முதலில் கொஞ்சம் பங்கு கொடுத்து உறுப்பினராக்கினால், செலுத்திய மூலதனம், ஃப்ரீ ரிசர்வ் (பிரித்துக் கொடுக்காமல் சேர்த்த லாபம்), செக்யூரிட்டி பிரீமியம் (பங்கின் முகமதிப்புக்கு மேல் வாங்கிய பணம்) மூன்றும் சேர்ந்த தொகை வரை உறுப்பினர்களிடம் வாங்கலாம். ஆனால் உங்கள் மூலதனம் 5 லட்சம்தான் என்றால் அந்த வாசல் கிட்டத்தட்ட மூடியிருக்கிறது. வட்டிக்கும் 12.5 சதவீத உச்சவரம்பு உண்டு. வருடா வருடம் ஜூன் 30-க்குள் டி.பி.டி-3 என்ற டெபாசிட் கணக்குப் படிவம் போடணும்.

அடமானத்தோடு கடன் பத்திரம் வெளியிட்டால் டெபாசிட் ஆகாது. ஆனால் சொத்தின் மேல் முதல் உரிமை பத்திரக்காரர்களுக்கு வேண்டும். எந்திரம் ஏற்கெனவே வங்கியிடம் அடமானத்தில் இருந்தால், வங்கி எழுதிக் கொடுக்காமல் நடக்காது. பலர் இடறுவது இங்கேதான். பதிவு பெற்ற மதிப்பீட்டாளர், பத்திரக்காரர்கள் சார்பில் நிற்கும் டிரஸ்டி, கம்பெனி செக்ரட்டரி கட்டணம் எல்லாம் சேர்த்தால் 30 லட்சத்துக்கு அது பெரிய பாரம்.

கன்வெர்ட்டிபிள் நோட் (பின்னால் பங்காக மாற்றிக்கொள்ளக்கூடிய கடன்) என்று யாராவது சொல்வார்கள். அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்-அப் ஆக இருக்கணும், ஒரே ஆள் ஒரே தடவையில் குறைந்தது 25 லட்சம் போடணும். ஆளுக்கு 2 லட்சம் அதில் பொருந்தாது.

பதில் 2 – நொய்யல்கரை

நீங்கள் பேசியிருக்கும் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 90 லட்சத்தில் 5 சதவீதம் 4.5 லட்சம். 30 லட்சத்தின் 1.4 மடங்கு 42 லட்சம். முடிய 9 வருடத்துக்கு மேல் ஆகும். யாரும் அவ்வளவு காலம் காத்திருக்க மாட்டார்கள். சதவீதத்தை 10 ஆக்கினால் வருடம் 9 லட்சம் போகும். உங்களிடம் செலவு போக மிஞ்சுவதே 7.8 லட்சம்.

கோளாறு எங்கே என்றால், இரண்டு வேறு பணத்தை ஒரே பத்திரத்தில் போடுகிறீர்கள். கொள்முதல் பணம் எட்டு ஒன்பது மாதத்தில் தானாகத் திரும்பி வரும். எந்திரப் பணம் லாபத்திலிருந்து வருடக்கணக்கில் வரணும். விற்பனைப் பங்கு பின்னதுக்கு மட்டும்தான், அதுவும் கணக்கர் சொன்ன டெபாசிட் விதிகளுக்கு உட்பட்டு.

எந்திரத்துக்கு 10 லட்சம், விற்பனையில் 4 சதவீதம்: வருடம் 3.6 லட்சம். 1.4 மடங்கு என்றால் சுமார் 47 மாதத்தில் முடியும். மாதாமாதம் கட்டினால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டிக்குச் சமம். பேராசை இல்லாதவர்கள் என்கிறீர்கள், 1.25 மடங்கு பேசுங்கள்; 13 சதவீதத்தை ஒட்டி வரும், 42 மாதத்தில் முடியும். உறுப்பினர் டெபாசிட்டாக வாங்கினால் 12.5 சதவீத உச்சவரம்பைத் தாண்டாமல் இன்னும் குறைக்கணும். விற்பனை கூடினால் சீக்கிரம் முடிந்து வட்டி உயரும், அதையும் அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் 'விற்பனை' என்றால் கைக்கு வந்த பணம் என்று எழுதுங்கள்: ஜி.எஸ்.டி., திரும்பி வந்த சரக்கு, கடைக்காரர் கழிவு எல்லாம் நீங்கலாக. பில் போட்ட தொகை என்று எழுதினால், கடைக்காரர் 60 நாள் இழுத்தடிக்கும்போது வராத பணத்துக்குப் பங்கு கட்டுவீர்கள். கொள்முதல் மூன்று மாதத்துக்கு 1 சதவீதம், மற்ற மாதங்களில் 5 சதவீதம் என்று வைத்தாலும் சராசரி 4-தான். கடைசி நாள் ஒன்று கட்டாயம் வேண்டும்: 6 வருடத்தில் முடியாவிட்டால் மீதி என்ன ஆகும் என்பது எழுத்தில் இருக்கணும்.

கொள்முதலின் 20 லட்சத்துக்கு ஊர்க்காரர்களின் பணத்தைத் தொடவே வேண்டாம். பத்துப் பேர் தங்கள் பெயரிலேயே ஆளுக்கு 2 லட்சம் வங்கியில் வைப்பு நிதி போட்டு, அதை உங்கள் ஓவர் டிராஃப்டுக்கு (வரம்புக்குள் வேண்டியபோது எடுத்துக் கட்டும் வங்கிக் கடன்) ஈடாக எழுதிக் கொடுக்கட்டும். 90 சதவீதம் வரை, அதாவது 18 லட்சம் கிடைக்கும். வைப்பு வட்டிக்கு மேல் 1 முதல் 2 சதவீதம், அதுவும் எடுத்த தொகைக்கு, கையில் வைத்திருக்கும் நாட்களுக்கு மட்டும். சரக்கு விற்க விற்கக் கட்டிக்கொண்டே வரலாம். வைப்பு வட்டி அவர்களுக்கே போகும். கடன் தருவது வங்கி என்பதால் டெபாசிட் சிக்கலும் இல்லை.

கவனிக்க: மூன்றாம் நபர் வைப்பை ஈடாக எடுக்காத கிளைகளும் உண்டு, முதலில் மேலாளரிடம் கேளுங்கள். கூட்டுப் பெயரில் இருந்தால் எல்லோரும் கையெழுத்துப் போடணும். நீங்கள் கட்டத் தவறினால் வங்கி அந்த வைப்பை எடுத்துக்கொள்ளும். இதைப் பத்துப் பேரும் தெளிவாகப் புரிந்துகொண்டு குடும்பத்தாருக்கும் சொல்லியிருக்கணும். இதை மறைத்துப் பணம் திரட்டுவது அநியாயம்.

கேள்வியாளர்

நன்றி அண்ணா, மலைப்பு கொஞ்சம் குறைந்தது. விவசாயிகளை உற்பத்தியாளர் நிறுவனமாகப் பதிவு செய்து, அதில் இந்த 15 பேரையும் பங்குதாரர் ஆக்கலாமா?

பதில் 3 – ஜவ்வாதுமலை

முடியாது. உற்பத்தியாளர் நிறுவனத்தில் விளைவிப்பவர்தான் பங்குதாரர். வெளியாள் பங்கு வாங்க வழியே இல்லை. ஆனால் கொள்முதலை மட்டும் அப்படி ஒரு நிறுவனம் செய்தால் அதற்கெனத் தனிக் கடன் வாசல்கள் இருக்கின்றன. விவசாயக் கடனுக்கான அரசு வங்கி நபார்டின் துணை நிறுவனமான நாப்கிசானின் பதிவு அலுவலகம் சென்னையில்தான் இருக்கிறது, விவசாயிகள் நிறுவனங்களுக்குக் கடன் தரும் சமுன்னதியும் அங்கேதான்.

இன்னொன்று. ஓவர் டிராஃப்டில் வாங்கிய சாமையை அரிசியாக்கி அடுக்காதீர்கள். தோலோடு, ஈரப்பதம் 12 சதவீதத்துக்குக் கீழே காய்ந்த பிறகு மூட்டை கட்டி, தரையில் படாமல் மரச்சட்டத்தின் மேல் வையுங்கள். ஆர்டர் வந்த அளவுக்கு மட்டும் அரையுங்கள். தோல் நீக்கிய அரிசி சில மாதத்தில் வண்டு விழுந்து சிக்கு வாடை அடிக்கும். அதோடு ஓவர் டிராஃப்ட் கட்டும் பணமும் போகும்.