மியூசியம் ஏலத்துக்கு மறுபடியும் ஓவியம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

தங்கரேக்கு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஒஹாயோவில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். தஞ்சாவூர் ஓவியம் வரைவேன். தொழில் என்று சொல்ல முடியாது. வருடத்துக்கு நாலைந்து படம், அதில் ரெண்டோ மூணோ விற்கும்.

எங்கள் ஊரில் ஒரு சமூகக் கலை மியூசியம் இருக்கிறது. மூன்றே கூடம்தான். நுழைவுக் கட்டணம் கிடையாது, சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு இலவச வகுப்பு. என் பெண் களிமண் பிசையக் கற்றுக்கொண்டது அங்கேதான். அதனால் போன வருஷம் அவர்களுடைய ஆண்டு நிதி ஏலத்துக்கு ஒரு படம் தர முடியுமா என்று கேட்டபோது யோசிக்கவே இல்லை, சரி என்றேன்.

கொடுத்தது 12க்கு 15 அங்குலத்தில் ஆலிலைக் கிருஷ்ணன். பலகையில் துணி ஒட்டி, சுக்கான் மாவைப் பசையில் குழைத்து மக்கு வேலை (புடைப்பாக எழுப்புவது) செய்து, கல் பதித்து, சென்னையிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய தங்க ரேக்கை (மெல்லிய பொன் தகடு) ஒட்டி முடிக்க இரண்டரை மாதம் ஆனது. அதுவும் பெண் தூங்கிய பிறகு உட்கார்ந்துதான். படத்துக்குச் சட்டம் (பிரேம்) இங்கேயே போட்டேன். அதற்கு மட்டும் 165 டாலர்.

ஏலத்தன்று புடவை கட்டிக்கொண்டு போனேன். சைலன்ட் ஆக்‌ஷன் பார்த்திருப்பீர்கள். மேசையில் பொருள், அதன் முன்னால் ஒரு சீட்டு, நூலில் கட்டிய பேனா. வாங்க நினைப்பவர் தன் எண்ணையும் தொகையையும் எழுதுவார், அடுத்தவர் அதற்குக் கீழே கூட்டி எழுதுவார். என் சீட்டில் "மிக்ஸ்டு மீடியா, குழந்தை" என்று இருந்தது. ஆரம்ப விலை 80 டாலர், அவர்களாகவே போட்டது. படத்தைக் கூரை டியூப் லைட்டுக்கு நேர் கீழே மல்லாத்தின மாதிரி சாய்த்து வைத்திருந்தார்கள். ரேக்குக்கு வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால்தான் அழகு. அங்கே பொன் முழுக்கக் கறுத்துக் கிடந்தது. பக்கத்தில் ஒரு ஸ்பா கூடை. இரண்டு மெழுகுவர்த்தி, சோப்பு, மசாஜ் கூப்பன். அதன் சீட்டில் ஏழு பேர் எழுதியிருந்தார்கள். என் சீட்டில் ஒருவர், கூடவே யாரோ வைத்த ஒயின் கிளாஸின் வட்டக் கறை.

என் கணவருக்குப் பொறுக்கவில்லை. எங்கள் எண் 61ஐப் போட்டு 120 என்று எழுதிவிட்டு வந்து நின்றார். நான் கிள்ளிய இடம் அவருக்கு இரண்டு நாள் வலித்ததாம். மூடுவதற்குப் பத்து நிமிடம் என்று மைக்கில் சொன்னபோதும் கடைசி வரியில் 61தான் இருந்தது. சொந்தப் படத்தைச் சொந்தக் காசு கொடுத்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகப் போகிறோம் என்று நினைத்தேன். கடைசி நிமிடத்தில் ஒரு பாட்டி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வந்து, குனிந்து ரொம்ப நேரம் பார்த்து, 130 எழுதினார். கும்பிடாத குறை.

சட்டத்தின் காசுகூட வரவில்லை. சரி, நல்ல காரியம்தானே என்று விட்டுவிட்டேன். இப்போது மறுபடியும் மெயில் வந்திருக்கிறது: "உங்கள் கோல்டு பெயின்டிங் எல்லோருக்கும் மிகவும் பிடித்தது, இந்த ஆண்டும் ஒன்று?"

கோபம் என்று இல்லை. ஆனால் 130 டாலருக்குப் போனதைப் பார்த்த நாலு பேர் நாளைக்கு என்னிடம் 600 கொடுத்து வாங்குவார்களா? நிபந்தனை போட்டுக் கொடுக்கலாமா? வரியில் ஏதாவது கழிக்க முடியுமா? இல்லை என்று சொல்வதானால் எப்படிச் சொல்வது? ஊர் சின்னது. அந்த நிர்வாகி அம்மாள் வாரம் ஒரு முறை காய்கறிக் கடையில் எதிரே நிற்பார்.

சனிக்கிழமைத் தொண்டர் எழுதியது:

மிச்சிகனில் இதே மாதிரி ஒரு சின்ன மியூசியத்தின் ஏலக் குழுவில் ஆறு வருஷமாக இருக்கிறேன். அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மேசை மேல் சீட்டு வைக்கும் ஏலத்துக்கு வருகிறவர்கள் பாதிப் பேர் மலிவாகக் கிடைக்குமா என்று பார்க்கத்தான் வருகிறார்கள். எங்கள் ஏலத்தில் கடை விலையில் பாதி வந்தாலே குழுவில் எல்லோரும் கைதட்டுவோம். உண்மையான காசு வேறு இடத்தில் வருகிறது. சாப்பாடு முடிந்து, ஏலக்காரர் மேடையேறி, "சனிக்கிழமை வகுப்புக்கு ஆயிரம் டாலர் யார்?" என்று ஆரம்பித்து 500, 250, 100 என்று இறங்கிக்கொண்டே வருவார். கையில் எண் அட்டை வைத்திருப்பவர்கள் தூக்குவார்கள். பொருள் எதுவும் கைமாறாது, அத்தனையும் நன்கொடை. எங்களுக்கு மேசை மேல் இருக்கும் அறுபது பொருள் சேர்ந்து தருவதைவிட அந்தப் பதினைந்து நிமிடம் தருவது அதிகம். மேசைப் பொருள்கள் எதற்கு என்றால், ஆட்களை வரவழைக்க, சுற்றி நடக்க வைக்க. உங்கள் கிருஷ்ணன் அன்றைக்கு அந்த வேலையைத்தான் பார்த்திருக்கிறார்.

அதனால் நிபந்தனை போடுங்கள், தப்பே இல்லை. "குறைந்தபட்ச விலை இவ்வளவு, அதற்குக் கீழே போனால் படம் எனக்குத் திரும்ப வர வேண்டும்" என்று எழுதிக் கொடுங்கள். விற்ற தொகையில் ஓவியருக்கு ஒரு பங்கு தருகிற மியூசியங்களும் உண்டு. சில இடத்தில் பாதி வரை போகும். கேட்டால்தான் தெரியும். விவரக் குறிப்பை நீங்களே எழுதுங்கள். விளக்குக்கும் நீங்களே சொல்லுங்கள், கிளிப் மாட்டும் சின்ன விளக்கு ஒன்றைக் கையோடு கொண்டு போனாலும் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். கூடைகள் இருக்கும் மேசையில் வைக்காதீர்கள் என்று கட்டாயம் சொல்லுங்கள். ஸ்பா கூடையோடு போட்டி போட்டு ஜெயித்த ஓவியத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஒரு விஷயம் மட்டும். உங்கள் வீட்டுக்காரரை இந்த முறை சாப்பாட்டு மேசைப் பக்கம் உட்கார வையுங்கள். படம் கொடுத்தவர் வீட்டிலிருந்தே விலையை ஏற்றினார்கள் என்று பேச்சு வந்தால் நன்றாக இருக்காது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

வரிக் கேள்விக்கு மட்டும் வருகிறேன்.

மேடம், நீங்களே வரைந்த படத்தைக் கொடுத்தால் சந்தை விலையைக் கழிக்க முடியாது. பலகை, ரேக்கு, கல், சட்டம் என்று பொருளுக்குச் செலவழித்தது எவ்வளவோ அதுவரைதான். உங்கள் இரண்டரை மாதத்துக்கு ஐஆர்எஸ் (அமெரிக்க வரித்துறை) கணக்கில் பூஜ்யம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. கேன்வாஸும் அக்ரிலிக்கும் வைத்து வரைபவருக்கு இருபது முப்பது டாலர் தேறும். உங்களுக்கோ தங்கம். ரேக்கு வாங்கிய ரசீது இருந்தால் எடுத்து வையுங்கள். அம்மா சும்மா கொடுத்தது என்றால், அம்மா என்ன விலைக்கு வாங்கினார் என்று கேட்டு வைப்பது நல்லது. விற்பனை வருமானம் காட்டி, இந்தப் பொருள்களை ஏற்கெனவே செலவில் கழித்திருந்தால் இரண்டாம் முறை கழிக்கக் கூடாது.

இந்த விதி 1969ஆம் ஆண்டு வரிச் சீர்திருத்தச் சட்டத்தில் வந்தது. அதற்கு முன்னால் ஓவியர்கள், எழுத்தாளர்கள் எல்லோரும் முழுச் சந்தை விலையைக் கழித்துக்கொண்டிருந்தார்கள். அரசியல்வாதிகளும் தங்கள் கோப்புகளை ஆவணக் காப்பகத்துக்குக் கொடுத்துவிட்டுப் பெரிய தொகையைக் கழித்தார்கள். அதை அடைக்கப் போட்ட கதவில் ஓவியர்களின் விரலும் மாட்டிக்கொண்டது. அதிபர் நிக்சன், தான் துணை அதிபராக இருந்த காலத்துக் காகிதங்களுக்கு 5,76,000 டாலர் கழிவு கேட்டார். இந்தச் சட்டத்தின் கெடு தாண்டிவிட்டதால் கொடைப் பத்திரத்தில் பழைய தேதியைப் போட்டிருந்தது பிறகு வெளியே வந்தது. வெர்மான்ட் செனட்டர் பேட்ரிக் லேஹி ஓவியர்களுக்காக இதை மாற்ற எத்தனையோ முறை மசோதா கொண்டு வந்து பார்த்தார். நிறைவேறவில்லை.

நடைமுறையில் இன்னொன்று. 2024இல் தம்பதியாகத் தாக்கல் செய்தவர்களுக்கு, எந்தச் செலவையும் தனியாகக் காட்டாமலே கிடைக்கும் நிலையான கழிவே 29,200 டாலர். வீட்டுக்கடன் வட்டியெல்லாம் சேர்த்து அதைத் தாண்டினால்தான் நன்கொடையைத் தனியாகக் காட்டுவதில் பயன். ஆக, வரிக்காகக் கொடுக்க வேண்டாம்.

அந்தப் பாட்டிக்கும் இதே கதைதான். 130 கொடுத்தார், படத்தின் மதிப்பு 600 என்றால் அவருக்குக் கழிக்க ஒன்றுமில்லை. மதிப்புக்கு மேல் கொடுத்த தொகை மட்டுமே நன்கொடை. ஏலப் பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் மதிப்புப் போடுவது அதற்காகத்தான். உங்கள் படத்துக்கு என்ன மதிப்புப் போட்டிருந்தார்கள் என்று பார்த்தீர்களா?

ஈசிஆர்வாசி எழுதியது:

நான் கொடுக்காதே என்பேன்.

அந்த ஏலத்துக்குப் பந்தல் போட்டவருக்குக் காசு, சமையல்காரருக்குக் காசு, மேடையில் கத்துகிறவருக்குக் காசு. படம் வரைந்தவருக்கு மட்டும் "நல்ல விளம்பரம்". "மிக்ஸ்டு மீடியா, குழந்தை" என்று எழுதியதில் என்ன விளம்பரம்? உங்கள் பெயராவது இருந்ததா?

ஓவியர்கள் ஒரு பொது இடத்துக்காக உழைக்கக் கூடாது என்று சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில், சென்னை ஈஞ்சம்பாக்கத்தில், சோழமண்டலம் ஓவியர் கிராமம் இருக்கிறதே, அது எப்படி வந்தது? ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் மெட்ராஸ் ஓவியக் கல்லூரிப் பிள்ளைகளும் பாத்திக் (மெழுகு வைத்துச் சாயம் ஏற்றுவது) துணி போட்டு விற்ற காசில் நிலம் வாங்கி 1966இல் ஆரம்பித்தார்கள். ஓவியத்தை யாரும் வாங்காத காலம் அது. துணியை விற்றார்கள், ஓவியத்தின் விலையில் கை வைக்கவில்லை. அதோடு, வந்த காசில் எழும்பிய இடம் அவர்களுடையதே.

கொடுத்தே தீருவதானால் படத்தின் சட்டமாவது மலிவாகப் போடுங்கள்.

புளியமரம் எழுதியது:

அக்கா, நான் வாங்குகிறவன் கட்சி. நாலு வருஷம் முன்னால் இப்படி ஒரு ஏலத்தில் ஒரு பீங்கான் கூஜா எடுத்தேன். செய்தவரிடம் இன்னொன்று கேட்கலாம் என்றால் யார் என்றே தெரியவில்லை. அடியில் ஒரு கீறல் மட்டும் இருக்கிறது. மியூசியத்தில் கேட்டால் அந்தப் பட்டியல் இப்போது இல்லை என்கிறார்கள். எதைக் கொடுத்தாலும் பின்பக்கம் பெயர், மெயில், எப்படித் துடைக்க வேண்டும் என்று ஒரு காகிதம் ஒட்டிவிடுங்கள். ஈரத்துணியால் ரேக்கைத் துடைத்துவிடப் போகிறார்கள்.

அப்புறம், சின்னதாகக் கொடுக்கலாமே? லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் 1994 முதல் தபால் அட்டை அளவுப் படங்களை விற்றிருக்கிறார்கள். பெயர் பின்பக்கம், வாங்கிய பிறகுதான் யார் வரைந்தது என்று தெரியும். எல்லாம் ஒரே விலை. அதில் யாருடைய பெரிய படத்தின் விலையும் கெடாது.

தங்கரேக்கு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாள் கழித்து வந்து எழுதுகிறேன்.

கணக்குப்பிள்ளை கேட்டாரே என்று பழைய பட்டியலைத் தேடி எடுத்தேன். மதிப்பு என்ற இடத்தில் 160 என்று இருந்தது. யார் போட்டார்கள், எதை வைத்துப் போட்டார்கள் என்று தெரியவில்லை. என்னைக் கேட்கவில்லை. சட்டம் மட்டும் 165! பெயர் இருந்தது, ஆனால் இரண்டு எழுத்து மாறி.

தொண்டர் சொன்னபடியே மெயில் எழுதினேன். குறைந்தபட்சம் 350, விற்றால் எனக்கு நாற்பது சதவீதம், இல்லையென்றால் படம் திரும்ப வர வேண்டும் என்று. அனுப்பு பொத்தானை அழுத்திவிட்டு லேப்டாப்பை மூடிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டேன். மறுநாள் அந்த அம்மாளே போன் செய்தார். பங்கு தருவது அவர்கள் வழக்கத்தில் இல்லை, இந்த வருஷத்துக்குள் மாற்ற முடியாது என்றார். குறைந்தபட்ச விலைக்கு மட்டும் ஒத்துக்கொண்டார். குரலில் கோபம் இல்லை. இதுவரை யாரும் கேட்டதில்லை என்று மட்டும் இரண்டு முறை சொன்னார்.

படம் தரவில்லை. அதற்குப் பதில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் நாலு பேருக்கு ரேக்கு ஒட்டக் கற்றுத் தருகிறேன் என்றேன். ஏலம் இல்லை, தலைக்கு 90 டாலர், முதலில் பெயர் எழுதுகிற நாலு பேருக்கு. தபால் அட்டை அளவில் தாமரை, ஒரே ஒரு இதழில் மட்டும் ரேக்கு. என் மேசையில் நாலு பேருக்கு மேல் உட்கார முடியாது என்பதும் ஒரு காரணம். ஜன்னலைச் சாத்த வேண்டும், மின்விசிறி போடக் கூடாது, தும்மக் கூடாது என்று முன்னாலேயே சொல்லிவிட்டேன். மூச்சு பட்டாலே பறக்கிற சாமான்.

(கணக்குப்பிள்ளை சார், இதற்கு ஏதாவது கழிவு?)

போனில் இன்னொன்றும் சொன்னார். அந்த 130 டாலர் பாட்டி படத்தைச் சமையலறையில் கிழக்கு ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டியிருக்கிறாராம். காலையில் பக்கவாட்டு வெயில். சொல்லித்தராமலே சரியான இடத்தில் மாட்டியிருக்கிறார். மியூசியத்தில் என்னைப் பற்றிக் கேட்டு ஒரு கேள்வியும் அனுப்பியிருக்கிறார்: அந்தக் குழந்தை இலை மேல் ஏன் படுத்திருக்கிறது, கால் கட்டைவிரலை ஏன் வாயில் வைத்திருக்கிறது?

புளியமரம் தம்பி சொன்ன மாதிரி பின்பக்கம் ஒட்ட ஒரு காகிதம் எழுதிக் கொடுக்கப் போகிறேன். பிரளய வெள்ளத்தை எழுதிவிட்டேன், ஆலிலையையும் எழுதிவிட்டேன். கட்டைவிரலுக்கு எங்கள் வீட்டில் அம்மா ஒன்று சொல்கிறார், மாமியார் வேறு சொல்கிறார். உங்கள் வீட்டில் என்ன சொல்வார்கள்?

கணக்குப்பிள்ளை எழுதியது:

நேரத்துக்குக் கிடையாது மேடம். நீங்கள் வாங்கிக் கொடுக்கும் பலகை, ரேக்கு, பசைக்கு மட்டும் உண்டு. ரசீது வையுங்கள்.

கட்டைவிரலுக்கு எங்கள் பாட்டி சொன்னது: பக்தர்கள் எல்லோரும் இந்தப் பாதத்தில் அப்படி என்ன ருசி கண்டார்கள் என்று சுவாமியே சப்பிப் பார்க்கிறாராம்.