வலிப்பு நோய்: பயந்து மறைத்ததால் பட்ட பாடு – உங்கள் வீட்டில் நடந்ததையும் எழுதுங்கள்

வாய்க்கால்மேடு:

என் அக்காவுக்கு ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது முதல்முறை வலிப்பு வந்தது. சொந்தக்காரர்கள் காத்து கருப்பு என்றார்கள், அப்பா தாயத்து கட்டினார், அப்புறம் தஞ்சாவூரில் ஒரு நரம்பியல் டாக்டரிடம் காட்டி மாத்திரை ஆரம்பித்த பிறகு பல வருடம் ஒன்றுமே வரவில்லை. கல்யாணப் பேச்சு எடுத்ததும்தான் வீட்டில் பயம் புகுந்தது. "மாப்பிள்ளை வீட்டில் மூச்சு விடக்கூடாது, நாளைக்கு உன் தங்கச்சியையும் யாரும் கட்ட மாட்டாங்க" என்று அம்மா அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். அந்தத் தங்கச்சி நான்தான்.

புகுந்த வீட்டில் அக்கா மாத்திரை அட்டையை நாப்கின் பாக்கெட்டுக்குள் வைத்திருந்தாள், அங்கே மட்டும்தான் யாரும் கை வைக்க மாட்டார்கள். எல்லாரும் படுத்த பிறகு, தண்ணீர் குடிக்க எழுந்த மாதிரி போய்ப் போட்டுக்கொள்வாள். விருந்தாளிகள் வந்து வீடெல்லாம் பாய் விரித்துப் படுத்திருந்தால் அன்றைக்கு மாத்திரை கிடையாது. நாத்தனார் கல்யாணம் வந்தது. ராத்திரி ரிசப்ஷன், விடிந்தால் நாலரை ஆறு முகூர்த்தம், நடுவில் பொட்டுத் தூக்கம் இல்லை, மாத்திரையும் விட்டுப்போயிருந்தது. காலைப் பந்தி நடக்கும்போது மண்டபத்திலேயே விழுந்துவிட்டாள்.

மாத்திரை விடுவதும் தூக்கம் கெடுவதும் சேர்ந்தால் அடங்கியிருந்த வலிப்பு திரும்ப வரும் என்று டாக்டர் அப்புறம் விளக்கினார். யாருக்கும் தெரியக்கூடாது என்று மறைத்தோமே, அந்த மறைப்புதான் ஐந்நூறு பேர் முன்னால் அவளைத் தரையில் தள்ளியது என்று எனக்கு இன்றைக்கும் ஆற்றாமையாக இருக்கிறது. அத்தான் கேட்டது ஒன்றுதான்: "என்கிட்ட சொல்லியிருந்தா நானே எடுத்துக் கொடுத்திருப்பேனே?" மாமியார் ரொம்ப நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது மாத்திரை டப்பா சாப்பாட்டு மேசையில் ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது, மறந்தால் மாமியாரே ஞாபகப்படுத்துகிறார்.

இதே மாதிரி மறைத்து அவதிப்பட்டவர்கள், இல்லை தைரியமாகச் சொன்னவர்கள், உங்கள் கதையையும் எழுதுங்கள்.

பழைய கண்டக்டர்:

நான் அரசுப் பேருந்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மாட்டுத்தாவணியில் வண்டி நின்றிருந்தபோது ஓர் ஆள், முப்பது வயது இருக்கும், பிளாட்பாரத்தில் விழுந்து கைகால் வெட்டி இழுத்தது. உடனே ஒருவர் சாவிக்கொத்தைக் கொண்டுவந்து உள்ளங்கையில் திணிக்கிறார், இன்னொருவர் டீக்கடைக் கரண்டியைப் பல்லுக்கு நடுவில் நுழைக்கப் பார்க்கிறார், ஓர் அம்மா அந்த நுரை பட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். முதலுதவி வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்ததால் கரண்டியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஆளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கு என் பையை வைத்தேன். கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கியது. "பாத்தீங்களா, இரும்பு வேலை செய்யுது" என்றார் சாவிக்காரர். பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தானே நிற்கிற வலிப்பு அது, அந்த நேரத்தில் கையில் வாழைப்பழம் இருந்திருந்தால் பேர் வாழைப்பழத்துக்குப் போயிருக்கும்.

எனக்கு மறக்காதது வேறு. கண் விழித்ததும் அந்தத் தம்பி முதலில் வேட்டியைத்தான் தடவிப் பார்த்தான், நனைந்திருந்தது. பிறகு சுற்றி நின்ற எல்லாரையும் பார்த்து, "மன்னிச்சுக்கங்க" என்றான். எதற்குப்பா மன்னிப்பு?

கீழவாசல் குமார்:

எல்லாம் சரி, ஆனால் ஒரு மனுசன் துடிக்கும்போது சும்மா நின்று பார்க்க மனசு கேட்காதே. சாவி கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

வார்டு சிஸ்டர்:

குமார் அண்ணா, மனசு கேட்காது, உண்மைதான். அதனால் மனசுக்கு வேறு வேலை கொடுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள், சுற்றியிருக்கும் கல்லு, கம்பி, நாற்காலியை நகர்த்துங்கள், கழுத்துப் பொத்தானைத் தளர்த்தி ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கூட்டத்தை விலக்குங்கள். இழுக்கும் கையைப் பிரித்து சாவி திணிக்கும்போது விரலில் அடிபடும். வாயில் எதையும் வைக்காதீர்கள், பல் உடைந்து மூச்சுக்குழாயில் போய்விடும், நாக்கை யாரும் விழுங்கிவிட மாட்டார்கள். முழு நினைவு வரும்வரை சோடாவும் வேண்டாம் தண்ணீரும் வேண்டாம். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் அடுத்தது வந்தாலோ, கர்ப்பிணியாக இருந்தாலோ உடனே 108.

கர்ப்பம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வார்டில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது, நாள் தள்ளிப்போனதும் குழந்தைக்கு ஆகாது என்று பயந்து மாத்திரையை நிறுத்திவிட்டு வலிப்போடு வருகிற பெண்கள். சோடியம் வால்புரோயேட் மாதிரி சில மருந்து கருவுக்குக் கெடுதல்தான், அதனால்தான் குழந்தைக்குத் திட்டமிடும்போதே டாக்டரிடம் சொன்னால் வேறு மாத்திரைக்கு மாற்றி ஃபோலிக் ஆசிடும் கொடுப்பார்கள். தானாக நிறுத்தினால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. ஆனால் புகுந்த வீட்டுக்குத் தெரியாமல் மாத்திரை சாப்பிடுகிறவள் எப்படி டாக்டரிடம் வந்து கேட்பாள், கூட வருவதே மாமியாராக இருக்கும்போது?

சட்டமும் தெரிந்துகொள்ளுங்கள். இந்து திருமணச் சட்டத்தில் கல்யாணத்துக்குத் தடையாக வலிப்பு என்ற சொல் இருந்தது, 1999-இல் எடுத்துவிட்டார்கள். இன்றைக்கு வலிப்பு இருக்கிறது என்பதால் கல்யாணம் செல்லாமல் போகாது. ஆனால் மறைத்துச் செய்தால் ஏமாற்றிவிட்டார்கள் என்று வழக்குப் போட இடம் இருக்கிறது. பயந்து மறைக்கிற பெற்றோர் எதற்குப் பயப்படுகிறார்களோ அதைத்தான் கூப்பிட்டு வைக்கிறார்கள்.

அக்ரஹாரத்துப் பேரன்:

எங்கள் வீட்டில் தம்பிக்கு வந்தது. ஸ்கேன் பார்த்துவிட்டு மூளையில் நாடாப்புழுவின் கட்டி என்றார்கள். பன்றிக்கறி சாப்பிடுகிறவர்களுக்கு வருவது அது, முட்டைகூட தொடாத நம் வீட்டில் எப்படி வரும், ரிப்போர்ட் மாறிவிட்டது என்று தாத்தா கோபமாக எழுந்து வந்துவிட்டார். அதற்கப்புறம் பரிகாரம், ஹோமம், ஒவ்வொரு அமாவாசைக்கும் வீடே நடுங்கும்.

விஷயம் என்னவென்றால், கறியில் இருப்பது புழுவின் குட்டி, அதைத் தின்றால் குடலில் நாடாப்புழு வளரும். மூளைக்குப் போவது அந்தப் புழுவின் முட்டையிலிருந்து வருவது. புழு இருக்கிற ஒருவரின் மலத்திலிருந்து முட்டை தண்ணீர், கீரை, பச்சைக் காய்கறி, கழுவாத கை வழியாக யார் வயிற்றுக்கும் போகும், சைவம் அசைவம் பார்க்காது. இந்த மாதிரிச் சின்னக் கட்டிகளை முன்பு காசநோய் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள், பெரும்பாலும் இந்தப் புழுவால் வருவதுதான் என்று 1980-களின் கடைசியில் கண்டு சொன்னது நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள். இதைச் சித்தப்பா படம் போட்டு விளக்கியபோதுதான் தாத்தா இறங்கிவந்தார். சாதிக்கு வந்த அவமானம் என்று எடுத்துக்கொண்டதில் தம்பியின் ஒரு படிப்பு வருடம் போனது.

பி.டி. வாத்தியார்:

எங்கள் பள்ளியில் ஒரு பையன், நல்ல ஃபீல்டர். வலிப்பு இருக்கிறது என்று வீட்டில் மைதானப் பக்கமே விடவில்லை. அவன் அப்பாவைக் கூப்பிட்டு, 1992 கிரிக்கெட் உலகக் கோப்பையில் பாய்ந்து விழுந்து பாகிஸ்தானின் இன்சமாமை ரன் அவுட் செய்தாரே தென்னாப்பிரிக்காவின் ஜான்டி ரோட்ஸ், அவருக்கும் சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு, அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார் என்றேன். நம்பவே இல்லை, போனில் எடுத்துக் காட்டிய பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். டாக்டர் சரி என்றதும் பையன் விளையாட வந்தான். தனியாக நீச்சல் கூடாது, உயரத்தில் ஏறக்கூடாது, அந்த எச்சரிக்கை எல்லாம் நியாயமானது, அதை விடவில்லை. வகுப்புப் பிள்ளைகளுக்கு வந்தால் என்ன செய்வது என்று செய்து காட்டினேன். ஒருநாள் வகுப்பிலேயே வந்தது. நான் போவதற்குள் இரண்டு பையன்கள் அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தார்கள், ஒரு பெண் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராம்நாடு பாய்:

எங்கள் பக்கம் ஏர்வாடி, பேய் பிடித்தது என்று மனநோயாளிகளைத் தர்காவுக்கு அழைத்துவருகிற ஊர். 2001 ஆகஸ்ட் 6 யாருக்கும் மறக்காது, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் போனார்கள். வலிப்பையும் பேய் என்று சொல்லி அழைத்துவருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். துவா கேட்பதை நான் குறை சொல்ல மாட்டேன், நானும் கேட்கிறவன்தான். துவா செய்துவிட்டு மாத்திரையும் போடு என்கிறேன், இரண்டுக்கும் சண்டை இல்லை.

மல்லிகை91:

இத்தனை நாள் படித்துவிட்டுப் போய்விடுவேன், இன்றைக்கு எழுதுகிறேன். எனக்கும் வலிப்பு உண்டு. மாத்திரையில் அடங்கியிருக்கிறது. அடுத்த மாதம் பெண் பார்க்க வருகிறார்கள். வீட்டில் வேண்டாம் என்கிறார்கள், நான் சொல்லத்தான் போகிறேன். எப்படி ஆரம்பிப்பது?

வாய்க்கால்மேடு:

மல்லிகை, பெண் பார்க்க வருவதற்கு முன்னாலேயே மாப்பிள்ளையிடம் தனியாகப் பேசிவிடு. முடிந்தால் உன் டாக்டரிடம் இரண்டு பேருமாகப் போங்கள், அவர் மனசில் இருக்கும் கேள்வியை அங்கேயே கேட்கட்டும். உலகத்தில் சுமார் 5 கோடி பேருக்கு இது இருக்கிறது, சரியான சிகிச்சை கிடைத்தால் 100-க்கு 70 பேர் வரை வலிப்பில்லாமல் இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதையும் சொல். வேண்டாம் என்று போகிறவர் இப்போதே போகட்டும். அக்காவிடம் கேட்டேன், உன்னோடு பேசுவதாகச் சொல்லியிருக்கிறாள்.